வண்டியை நம்பிய கடன், ஆளை நம்பிய கடன்

சென்னை அண்ணா சாலையிலோ கோவை அவிநாசி சாலையிலோ எந்தக் கார் ஷோரூமுக்குப் போனாலும் கேஷியர் மேசையில் ஒரு ஸ்வைப் மெஷின் இருக்கும். புக்கிங் தொகையான பத்தாயிரத்தையோ இருபதாயிரத்தையோ கிரெடிட் கார்டில் கட்டுகிறேன் என்றால் யாரும் முகம் சுளிப்பதில்லை. டெலிவரி அன்றைக்கு அதே அட்டையை நீட்டி, மீதி ஒன்பது லட்சத்தையும் இதிலேயே போட்டுக்கொள்ளுங்கள் என்று சொன்னால்தான் மேனேஜர் எழுந்து வருவார். ‘ரெண்டு பர்சென்ட் எக்ஸ்ட்ரா ஆகும் சார்’ என்பார். ஆர்.டி.ஜி.எஸ். போட்டுவிடுங்களேன் என்பார். அதுவும் முடியாதென்றால், பக்கத்து மேசையில் உட்கார்ந்திருக்கும் லோன்காரரைக் கூப்பிடுவார். டீக்கடைப் பாக்கிகூட ஃபோனில் தீரும் ஊரில், கார் வாங்க மட்டும் அட்டை ஏன் நுழைவாயிலோடு நின்றுவிடுகிறது? கமிஷன்தான் காரணம் என்று எல்லோரும் சொல்வார்கள். அது பாதிப் பதில். கிரெடிட் கார்டு பிறப்பதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே கார் வியாபாரம் தனக்கென்று ஒரு கடன் முறையைக் கட்டி, அதிலேயே குடியேறிவிட்டது. ஆள் குடியிருக்கும் வீட்டுக்கு அட்டை பிந்தி வந்தது என்பது மறுபாதி. அந்தப் பழைய கடன் வண்டியை நம்புவது. அட்டைக் கடன் ஆளை நம்புவது. இரண்டும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள் அல்ல.

கதை அமெரிக்காவில் தொடங்குகிறது. தொடக்க காலத்தில் கார் கம்பெனிகள் டீலரிடம் ரொக்கத்தைக் கறாராகக் கேட்டன. தொழிற்சாலையோ ஆண்டு முழுக்க ஓடவேண்டும்; பனிக்காலத்தில் கார் வாங்குவார் இல்லை; வசந்தம் வரும்வரை செய்த வண்டிகளை டீலர்தான் காசு கொடுத்து எடுத்து அடுக்கி வைக்கவேண்டும். அவ்வளவு பணம் எந்த டீலரிடம் இருந்தது? கார் என்பது பணக்காரர் விளையாட்டுப் பொருள், அதற்குக் கடன் தருவது ஒழுக்கக்கேடு என்று நினைத்த வங்கிகளும் அப்போது நிறைய. இந்த முட்டுச்சந்தை உடைக்கத்தான் ஜெனரல் மோட்டார்ஸ் 1919-ல் தனக்கென்று ஒரு கடன் நிறுவனத்தைத் தொடங்கியது. ஜி.எம்.ஏ.சி. என்று பெயர்பெற்ற அந்த நிறுவனம் டீலரின் சரக்குக்கும் கடன் கொடுத்தது, வாங்குபவருக்கும் கொடுத்தது. இதைக் கவனத்தில் வைக்கவேண்டும்: கார் கடன் டீலரின் கொட்டகைக்குள்ளிருந்தே பிறந்தது. வெளியிலிருந்து வந்த வங்கிச் சேவையாக அது தொடங்கவில்லை.

ஹென்றி ஃபோர்டுக்குக் கடன் என்றாலே ஆகாது. 1923-ல் அவர் ஒரு வாரச் சேமிப்புத் திட்டம் கொண்டுவந்தார். வாரம் 5 டாலர் கட்டிக்கொண்டே வந்து, முழு விலை சேர்ந்ததும் வண்டியை எடுத்துக்கொள்ளலாம். நம்மூர் நகைக்கடைச் சீட்டு மாதிரி. எதிர்த்த கடையில் இன்றைக்கே வண்டியைக் கொடுத்துவிட்டு அப்புறம் பணம் வாங்கும்போது, பணத்தைக் கட்டிவிட்டு வண்டிக்குக் காத்திருக்க யாருக்குப் பொறுமை? திட்டம் படுத்தது. 1928-ல் ஃபோர்டும் யுனிவர்சல் கிரெடிட் கார்ப்பரேஷன் என்ற கடன் கம்பெனியைத் தொடங்கித் தோல்வியை ஒப்புக்கொண்டார். அதற்குள் அமெரிக்காவில் விற்ற நான்கு கார்களில் ஏறத்தாழ மூன்று தவணையில் போய்க்கொண்டிருந்தன. மூன்றில் ஒரு பங்கு முன்பணம், மீதியைப் பன்னிரண்டு மாதத்தில் கட்டவேண்டும் என்பது அன்றைய வழக்கம். இந்தக் கணக்கின் சாமர்த்தியம் முன்பணத்தில் இருக்கிறது. வண்டி ஓட ஓட விலை இறங்கும். ஆனாலும் எந்த மாதத்திலும் பாக்கியைவிட வண்டியின் மதிப்புக் குறையாதபடி முன்பணம் காக்கும். தவணை தவறினால் வண்டி போகும், அதுவரை கட்டியதும் சேர்ந்து போகும். அந்தப் பயம் எவ்வளவு வலுவானது என்பதற்கு, 1930-ன் வீழ்ச்சியை ஆராய்ந்த பொருளாதார வரலாற்றாசிரியர் மார்த்தா ஓல்னி ஒரு விளக்கம் தருகிறார்: வேலை நிலையில்லாமல் போனதும் அமெரிக்கக் குடும்பங்கள் தவணையை நிறுத்தவில்லை, மற்றச் செலவுகளைச் சுருக்கின, மந்தம் ஆழமானதற்கு அதுவும் ஒரு காரணம்.

இந்தக் கட்டுமானம் முழுதாக நின்றபிறகுதான் அட்டை வருகிறது. 1950-ல் டைனர்ஸ் கிளப், பெயருக்கேற்ப, ஓட்டல் பில் கட்ட வந்தது. சுழல் கடனோடு கூடிய அட்டை பெரிய அளவில் தொடங்கியது 1958 செப்டம்பரில். பாங்க் ஆஃப் அமெரிக்கா கலிபோர்னியாவின் ஃப்ரெஸ்னோ நகரில் சுமார் 60,000 பேருக்கு, கேட்காமலேயே, தபாலில் அட்டை அனுப்பியது. அதில் கொடுத்த கடன் எல்லை 300 முதல் 500 டாலர். அன்றைக்கு ஒரு சாதாரணப் புதுக் கார் பெரும்பாலும் 2,000 டாலருக்கு மேல். எல்லை இப்படி இருந்ததற்குக் காரணம் கஞ்சத்தனம் அல்ல. வாங்கியவர் யார், எங்கே வேலை, கட்டுவாரா என்று முகம் பார்க்காமல், பிணை இல்லாமல் கொடுக்கும் கடன் அது. தொகை சின்னதாக இருந்தால்தான் ஆயிரம் பேரில் சிலர் ஏமாற்றினாலும் தாங்கும். கடைக்காரரிடமோ 6 சதவீதம் வரை பிடித்தார்கள். சட்டைத் துணிக்கும் மருந்துக்கும் அது கட்டும். காருக்குக் கட்டாது. அதே 1958-ல்தான் புதுக் காரின் கண்ணாடியில் தயாரிப்பாளர் விலையை ஒட்டவேண்டும் என்ற சட்டமும் அமெரிக்காவில் வந்தது. விலை வெளிச்சத்துக்கு வந்ததும் பேரம் அங்கிருந்து கீழ்நோக்கியே நடந்தது. டீலர் வண்டியில் சம்பாதித்தது போய், கடனிலும் காப்பீட்டிலும் சர்வீஸிலும் சம்பாதிக்கும் காலம் மெல்ல வந்தது. அட்டையில் முழு விலையைக் கட்டுபவர் அந்தக் கடன் வருமானத்தையும் டீலரிடமிருந்து பறிக்கிறார் என்பதை மேனேஜர் வாய்விட்டுச் சொல்லமாட்டார்.

இதற்கு நல்ல சாட்சி 1992-ல் ஜெனரல் மோட்டார்ஸே வெளியிட்ட கிரெடிட் கார்டு. அதில் செலவழித்த தொகையில் 5 சதவீதம் அந்தக் கம்பெனியின் கார் வாங்கும்போது தள்ளுபடியாகும். ஆண்டுக்கு 500 டாலர் வரை சேர்க்கலாம். மளிகையும் பெட்ரோலும் துணியும் இந்த அட்டையில் வாங்கு, அதன் பலனைக் காரில் எடுத்துக்கொள் என்பதுதான் ஏற்பாடு. கார் கம்பெனியே அச்சிட்ட அட்டைக்கும் அதுதான் வேலை. காரின் விலையைக் கட்டுவது அதன் வேலையாக இருக்கவில்லை.

நம் பக்கம் வந்தால், சென்னைக்கு இந்த வரலாற்றில் தனி இடம் உண்டு. 1954-ல், டைனர்ஸ் கிளப் அமெரிக்காவில் தொடங்கி நான்கே ஆண்டுகளில், டி. எஸ். சந்தானம் மதராஸில் இரண்டு லட்சம் ரூபாய் மூலதனத்தோடு சுந்தரம் ஃபைனான்ஸைத் தொடங்கினார். லாரிக்கும் பஸ்ஸுக்கும் ஹயர் பர்ச்சேஸ் முறையில் பணம் கொடுப்பது அதன் தொழில். பின்னால் முருகப்பா குழுமத்தின் சோழமண்டலம் 1978-லும் ஸ்ரீராம் டிரான்ஸ்போர்ட் 1979-லும் வந்தன. நாட்டுக்கே வண்டிக் கடன் கற்றுக்கொடுத்த ஊர் என்று சென்னையைச் சொன்னால் மிகையில்லை. ஹயர் பர்ச்சேஸில் வண்டி கடைசித் தவணைவரை பைனான்ஸ்காரருடையது. ஓட்டுபவர் வாடகைக்காரர் மாதிரி. இது விற்பனையா கடனா என்ற வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. கேரள அரசுக்கு எதிரான சுந்தரம் ஃபைனான்ஸ் வழக்கில், அந்த ஒப்பந்தங்களின் உள்ளடக்கம் கடன்தான், ஆகவே விற்பனை வரி இல்லை என்று 1966-ல் பெரும்பான்மைத் தீர்ப்பு வந்தது. பெயர் எதுவானாலும் சாரம் ஒன்றே: கடன் வண்டியின் மேல் ஒட்டிக்கொண்டிருக்கிறது. 1988-ன் மோட்டார் வாகனச் சட்டத்தின் 51-ஆம் பிரிவு அதை ஆர்.சி. புத்தகத்திலேயே எழுதவைக்கிறது. டியூ, சீஸிங், எச்.பி. என்ற சொற்கள் லாரி பட்டறையிலிருந்து வீட்டுக் கூடம் வரை புழங்குவது இந்த வழியில்தான்.

கார் விஷயத்தில் இந்தியாவுக்கு இன்னொரு விசித்திரமும் உண்டு. அம்பாசடர், பிரீமியர் பத்மினி, வண்டலூர்ப் பக்கம் செய்த ஸ்டாண்டர்ட் ஆகிய மூன்றே வழி என்றிருந்த நாளில் கார் கிடைப்பதே பாடு. பதிவுசெய்துவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருக்கவேண்டும். வண்டி கைக்கு வந்த அன்றே ‘ஆன்’ வைத்து விற்றவர்கள் உண்டு. 1983-ல் மாருதிக்கு முன்பதிவு தொடங்கியபோது ஆளுக்குப் பத்தாயிரம் ரூபாய் முன்பணம் வாங்கினார்கள். ஒரு லட்சம் பேருக்கு மேல் கட்டினார்கள். நூறு கோடிக்கு மேல் பணம், ஒரு வண்டிகூட வெளிவருவதற்கு முன்பு! வாங்குபவர் கம்பெனிக்குக் கடன் கொடுத்த காலம் அது. அமெரிக்காவில் ஃபோர்டு செய்யப் பார்த்துத் தோற்றதை இங்கே பஞ்சம் செய்துகாட்டியது. முதல் இந்திய வங்கி அட்டையை சென்ட்ரல் பாங்க் வெளியிட்டது 1980-ல்தான். ஆக, இன்றைக்கு ஷோரூமில் அட்டைக்குக் கிடைத்திருக்கும் ஒரே இடம், புக்கிங் தொகை, அந்தப் பழைய முன்பணம் விட்டுச்சென்ற இடம்.

‘இவ்வளவு வரலாறு எதற்கு? கமிஷனைக் குறைத்தால் நாளைக்கே வாங்கிக்கொள்வார்கள்’ என்று ஒருவர் சொல்லலாம். கமிஷன் சுமையை நான் குறைத்துச் சொல்லவில்லை. பத்து லட்சம் ரூபாய்க்கு அட்டை தேய்த்தால், 2 சதவீதம் என்று வைத்தால் 20,000. அதன்மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. 3,600. அந்தப் பத்து லட்சமும் டீலர் பணம் அல்ல என்பதுதான் வேடிக்கை. சாலை வரி அரசுக்குப் போகிறது, பிரீமியம் காப்பீட்டுக் கம்பெனிக்குப் போகிறது, வண்டி விலையில் பெரும்பகுதி தயாரிப்பாளருக்குப் போகிறது. கையில் நிற்பது சில சதவீதம்; கமிஷனோ முழுத் தொகைக்கும். ஆனால் கமிஷன் மட்டுமே தடை என்றால் பிரிட்டனில் தடை நீங்கியிருக்கவேண்டும். ஐரோப்பிய ஒன்றியம் 2015-ல் கிரெடிட் கார்டுப் பரிமாற்றக் கட்டணத்தை 0.3 சதவீதத்துக்குக் கட்டுப்படுத்தியது. அன்றைக்கு பிரிட்டனும் அதற்குள் இருந்தது. அங்கே இன்னொரு ஈர்ப்பும் உண்டு: 1974-ன் நுகர்வோர் கடன் சட்டத்தின் 75-ஆம் பிரிவின்படி, 100 பவுண்டுக்கு மேல் 30,000 பவுண்டு வரை விலையுள்ள பொருளுக்கு ஒரு சிறு முன்பணத்தை மட்டும் கிரெடிட் கார்டில் கட்டியிருந்தாலும், முழுப் பொருளின் குறைக்கும் விற்றவரோடு அட்டைக் கம்பெனியும் பொறுப்பு. அப்படியிருந்தும் அங்குள்ள பல டீலர்கள் கிரெடிட் கார்டை முன்பணத்தோடு நிறுத்திக்கொள்கிறார்கள், தனிநபர் வாங்கும் புதுக் கார்களில் மிகப் பெரும்பகுதி டீலர் வழிக் கடனில்தான் போகிறது. கமிஷன் இறங்கியும் பழைய குடித்தனக்காரர் வீட்டைக் காலி செய்யவில்லை.

வாங்குபவர் பக்கமிருந்து வரும் வாதம் இதைவிடக் கனமானது. அட்டையில் வாங்கினால் ஆர்.சி.யில் யார் பெயரும் ஏறாது, டியூ தவறினால் நடுரோட்டில் வண்டியை மறித்துத் தூக்கிப்போக ஆள் வராது. சீஸிங் என்ற பெயரில் நடந்த அடாவடி சின்னதல்ல. கடன் வசூலுக்கு அடியாட்களை அனுப்பக்கூடாது என்று 2007-ல் உச்ச நீதிமன்றம் சொல்லவேண்டி வந்தது. 1972-ல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய ஹயர் பர்ச்சேஸ் சட்டமோ நடைமுறைக்கே வராமல் 2005-ல் ரத்தானது. ஆகவே வண்டியை விட்டு ஆளை நம்பும் கடன் கௌரவமானது என்று ஒருவர் நினைத்தால் நான் சிரிக்கமாட்டேன். ஆனால் அந்தக் கௌரவத்துக்கு விலை இருக்கிறது. பிணை இல்லாத இடத்தில் வட்டிதான் பிணை: மாதம் 3, 3.5 சதவீதம் என்றால் ஆண்டுக்கு 40 சதவீதத்தை ஒட்டிவிடும். கார் லோன் வட்டி அதில் கால்பங்கு இருக்கலாம். தூக்கிப்போக வண்டி இருப்பதால்தான் அந்த வட்டி மலிவு. கெடு தேதிக்குள் முழுதும் கட்டிவிடுவேன், பாயிண்ட் மட்டும் போதும் என்பவருக்கு அட்டை கடன் அல்ல, ஐம்பது நாள் கைமாற்று. அவர் கணக்குப் போடவேண்டியது பாயிண்டின் மதிப்பு அந்த 23,600-ஐ எட்டுகிறதா என்பதை மட்டும். பெரும்பாலும் எட்டாது. ஆண்டில் பத்து லட்சத்தைத் தொடும் அட்டைப் பில் வருமான வரித்துறைக்குத் தானாகவே தெரிந்துவிடும் என்பதையும் அவர் மறக்கவேண்டாம்.

லோன் போட்டே வாங்குபவர்களுக்கும் ஒரு வார்த்தை. கடைசி டியூவைக் கட்டிவிட்டதாலேயே ஆர்.சி.யிலிருந்து எச்.பி. போய்விடாது. பைனான்ஸில் என்.ஓ.சி.யும் கையெழுத்திட்ட படிவம் 35-ம் கேட்டு வாங்கி, ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கொடுத்து நீக்கவேண்டும். நீக்காத வண்டியை விற்கப்போனால், தீர்ந்துபோன கடன் அங்கே வந்து நிற்கும்.