இடதுகரைச் சானல்: கையெழுத்தாகாத ஓர் உடன்படிக்கையின் வரலாறு

விழா மலர்களில் நம் ஊர்ப் பள்ளிகளின் வரலாறு வரும். கோயில்களின், தேவாலயங்களின், வாசகசாலைகளின் வரலாறு வரும். பாறசாலை, நெய்யாற்றின்கரை எல்லையோர ஊர்களின் வாழ்வை இவை எல்லாவற்றுக்கும் சமமாக வடிவமைத்த இன்னொரு நிறுவனம் நெய்யாறு பாசனத் திட்டம். அதன் வரலாற்றை யாரும் மலருக்கென்று கேட்டு வாங்குவதில்லை. அணைக்குச் சுற்றுலா போகிறோம், சானலில் தண்ணீர் வரவில்லையென்றால் பஞ்சாயத்தில் முறையிடுகிறோம், அதோடு சரி. இந்தத் தண்ணீர் யாருக்கு, எவ்வளவு, எந்த நிபந்தனையின்பேரில் என்ற கேள்விக்கு அறுபது ஆண்டுகளுக்கு மேலாகியும் எழுத்தில் பதில் இல்லை. இந்தக் கட்டுரை அந்தக் கேள்வியைப் பற்றியது.

அகத்திய மலையில் பிறக்கும் நெய்யாறு, 56 கிலோமீட்டர் ஓடிப் பூவாறில் கடலில் சேர்கிறது. நீளமான ஆறு அல்ல. ஆனால் மலையிலிருந்து கடலுக்குள் காடு, ரப்பர் தோட்டம், நெல்வயல் ஏலா, நகரம், கழிமுகப் பொழி என்று எல்லாவற்றையும் தொட்டுவிடுகிறது. கள்ளிக்காட்டில் அதன் குறுக்கே அணை கட்டும் வேலை 1951இல் தொடங்கியது. அப்போது திருவிதாங்கூர்-கொச்சி ஒரே மாநிலம். நெய்யாற்றின்கரை வட்டமும் விளவங்கோடு வட்டமும் அந்த மாநிலத்தின் பக்கத்துப் பக்கத்து வட்டங்கள். ஆகவே திட்டம் வகுத்த பொறியாளர்களுக்கு இடையில் எந்தக் கோடும் தெரியவில்லை. வலதுகரைச் சானல் ஒரு பக்கம், இடதுகரைச் சானல் மறுபக்கம். இடதுகரைச் சானலின் கடைசிப் பகுதி விளவங்கோட்டு நிலங்களுக்கு. இறக்கம் எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் தண்ணீரைக் கொண்டுபோனார்கள்.

வேலை நடந்துகொண்டிருக்கும்போதே மொழிவழி மாநிலக் கிளர்ச்சி உச்சத்துக்கு வந்தது. 1954 ஆகஸ்ட் 11 அன்று புதுக்கடையிலும் மார்த்தாண்டத்திலும் நடந்த துப்பாக்கிச் சூடு இன்றும் குமரி மாவட்டக் குடும்பங்களின் நினைவில் உள்ளது. 1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்கள் சென்னை மாநிலத்தோடு இணைந்தன. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. 1951இல் ஒரு மாநிலத்தின் திட்டமாகத் தொடங்கியது, ஐம்பதுகளின் இறுதியில் அணை எழுந்து நின்றபோது இரண்டு மாநிலங்களின் திட்டமாகிவிட்டது. ஏறத்தாழ 56 மீட்டர் உயரம், 294 மீட்டர் நீளம், 10 கோடி கன மீட்டருக்குச் சற்று அதிகமாகத் தேக்கும் கொள்ளளவு. இவை எல்லாம் கணக்கில் உண்டு. எல்லைக்கு அப்பால் போகும் நீருக்கான நிபந்தனை மட்டும் கணக்கில் ஏறவில்லை.

ஆனாலும் தண்ணீர் போயிற்று. எல்லைக்கு அப்பால் கொல்லங்கோடு, ஏழுதேசம், மெதுகும்மல் பக்கத்து நிலங்கள் உட்பட 9,200 ஏக்கருக்கு விநாடிக்கு 150 கன அடி என்பது தமிழ்நாட்டு ஆவணங்கள் சொல்லும் கணக்கு. பல ஆண்டுகள் அந்தச் சானல் ஓடியது. உடன்படிக்கை இல்லாமலேயே ஓடியது. இரு மாநிலங்களின் அதிகாரிகளும் வரைவு தயாரித்துப் பேசினார்கள். வரைவு வரைவாகவே நின்றது. தண்ணீர் வந்துகொண்டிருந்ததால் அவசரம் யாருக்கும் தெரியவில்லை. எல்லாக் கோளாறும் இங்கேதான் தொடங்குகிறது என்று நான் நினைக்கிறேன். பழக்கத்தின் பேரில் கிடைப்பதை உரிமை என்று ஒரு கரை நம்பியது. சலுகை என்று மறு கரை எண்ணியது. இரண்டில் எது சரி என்று சொல்ல ஒரு தாள் இல்லை.

2003இல் கேரளச் சட்டமன்றம் பாசனம், நீர்ப் பாதுகாப்புக்கான சட்டம் ஒன்றை நிறைவேற்றியது. உடன்படிக்கையும் சட்டமன்றத்தின் ஒப்புதலும் இல்லாமல் மாநிலத்து நீரை வெளியே விடக்கூடாது என்பது அதன் ஒரு விதி. 2004ஆம் ஆண்டின் முற்பகுதியில் இடதுகரைச் சானலில் எல்லைக்கு அப்பால் போகும் நீர் நின்றது. நெய்யாறு கேரளத்தில் பிறந்து கேரளத்திலேயே கடலில் சேர்வதால் அது மாநிலங்களுக்கு இடையிலான ஆறு அல்ல என்பது கேரளத்தின் வாதம். திட்டமே விளவங்கோட்டையும் சேர்த்து வகுக்கப்பட்டது, ஆகவே உரிமை மாநில மறுசீரமைப்போடு கூடவே வந்தது என்பது தமிழ்நாட்டின் வாதம். 2012இல் தமிழ்நாடு உச்ச நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தது.

இரு வாதங்களிலும் பொருள் உண்டு. சட்டத்தைச் சட்டம் அறிந்தோர் பார்த்துக்கொள்வார்கள். எல்லையோரத்தில் இருப்பவர்களாகிய நமக்கு முன்னால் நிற்கும் கேள்வி வேறு: ஓர் அணையின் நிபந்தனைகளை ஐம்பது, அறுபது ஆண்டு கழித்து மறுபடி எழுதுவது எப்படி? அந்த மேசையில் யார் யார் உட்கார வேண்டும்?

அமெரிக்காவில் இதற்கு ஒரு நடைமுறை இருக்கிறது. அங்கே தனியார் நீர்மின் அணைகளுக்கு உரிமம் நிரந்தரமாகக் கிடைக்காது. 1920ஆம் ஆண்டுச் சட்டப்படி அதிகபட்சம் 50 ஆண்டுதான். காலம் முடிந்தால் மறுபடி விண்ணப்பிக்க வேண்டும். அப்போது மின்சாரத்தை மட்டும் பார்க்காமல் மீன், ஆற்றில் ஓட வேண்டிய நீர், கரையில் வாழ்பவர்களின் தேவை ஆகியவற்றையும் சமமாக எடைபோட வேண்டும் என்று 1986இல் சட்டத்தைத் திருத்தினார்கள். மெயின் மாநிலத்தில் கென்னபெக் ஆற்றில் 1837இல் கட்டிய எட்வர்ட்ஸ் அணைக்கு 1997இல் உரிமத்தைப் புதுப்பிக்க மறுத்தார்கள். 1999இல் அணையையே எடுத்துவிட்டார்கள். மின்சாரத்தைவிட, கடலிலிருந்து ஆற்றுக்கு ஏறிவரும் மீன்களின் மதிப்பு அதிகம் என்று அங்கே முடிவானது. நெய்யாறு அணையை எடுக்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. நம் குடிநீர் அதில் இருக்கிறது. ஆனால் காலவரையறை, மறுபரிசீலனை, எல்லாத் தரப்பும் எழுத்தில் பேசுவது என்ற மூன்றும் நமக்கும் வேண்டும்.

நமக்கும் அது முற்றிலும் புதியதல்ல. 1970 மே 29 அன்று, சி. அச்சுத மேனன் கேரள முதல்வராகவும் மு. கருணாநிதி தமிழ்நாட்டு முதல்வராகவும் இருந்தபோது, இரு மாநிலங்களும் ஒரே நாளில் இரண்டு பெரிய காரியங்களுக்குக் கையெழுத்திட்டன. ஒன்று பெரியாறு. 1886இல் 999 ஆண்டுகளுக்கு எழுதிய குத்தகையில் ஏக்கருக்கு 5 ரூபாய் என்றிருந்த வாடகை 30 ரூபாய் ஆனது, அதுவும் முப்பது ஆண்டுக்கு ஒருமுறை திருத்தும் நிபந்தனையோடு. பாசனத்துக்கென்று எழுதிய பத்திரத்தில் மின் உற்பத்திக்கான உரிமை சேர்ந்தது, அதற்குக் கேரளத்துக்குக் கட்டணம் உண்டானது, மீன்பிடி உரிமை கேரளத்துக்குத் திரும்பியது. இரண்டாவது பரம்பிக்குளம்-ஆளியாறு. 1958 நவம்பர் 9 முதல் செல்லும் என்று முன்தேதியிட்டு எழுதிய அந்த உடன்படிக்கையில், முப்பது ஆண்டுக்கு ஒருமுறை மறுபரிசீலனை என்று தெளிவாக இருக்கிறது. 1988இல் முடிந்திருக்க வேண்டிய அந்தப் பரிசீலனைக்காக 2019 செப்டம்பர் 25 அன்று இரு முதல்வர்களும் திருவனந்தபுரத்தில் உட்கார்ந்து குழு அமைக்க ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது. மூன்று பத்தாண்டுத் தாமதம் வருத்தத்துக்குரியது. ஆனாலும் பேசுவதற்கு ஒரு தாள் இருந்தது, எந்த விதியைத் திருத்துவது என்று சுட்டிக்காட்ட இடம் இருந்தது. நெய்யாறு இடதுகரைச் சானலுக்கு அதுவும் இல்லை. அன்றைக்கே மூன்றாவது தாளாக இதுவும் கையெழுத்தாகியிருந்தால், பின்னாளில் எத்தனை விவசாயிகளின் அலைச்சல் மிச்சமாகியிருக்கும்!

இனி எழுதப்போகும் உடன்படிக்கையில் 1950களின் கணக்கை அப்படியே பெயர்த்து எழுதினால் போதாது. எல்லைக்கு அப்பாலுள்ள நம் உறவுகளுக்கு இது கசக்கலாம், ஆனால் சொல்லத்தான் வேண்டும். அன்றைய 9,200 ஏக்கர் கன்னிப்பூ, கும்பப்பூ என்று இருபோகம் நெல்லை மனதில் வைத்து எழுதிய எண். தண்ணீர் நின்றபிறகும், நிற்பதற்கு முன்பே கூட, ஏலாக்கள் பல வாழைக்கும் மரச்சீனிக்கும் தென்னைக்கும் மாறின. மேட்டில் ரப்பர் ஏறியது. கேரளப் பக்கமும் இதே கதைதான். வயலும் ஈரநிலமும் போகாமல் காக்க 2008இல் கேரளம் தனிச் சட்டமே போட வேண்டியிருந்தது. ஆகவே இன்று எத்தனை ஏக்கருக்கு நெல்நீர் வேண்டும், எத்தனை குளம் நிரம்ப வேண்டும், சானல் ஓடினால் எந்தெந்தக் கிணறுகளில் ஊற்று ஏறும் என்று இரு மாநிலமும் சேர்ந்து நடந்து அளந்து எழுத வேண்டும். சானலில் நீர் ஓடும் காலத்தில் அக்கம்பக்கத்துக் கிணறு வற்றாது என்று எல்லையின் இரு புறமும் எந்த வீட்டிலும் சொல்வார்கள். பாசனக் கணக்கில் அந்த ஊற்றுக்கு ஒரு வரி கூட இல்லை. என் மதிப்பில், நெல்லைவிட இன்று அதுதான் பெரிய தேவை.

அணைக்கு மேலே இருப்பவர்களைப் பற்றி இரு மாநில வாதங்களிலும் பேச்சே இல்லை. நீர்த்தேக்கம் நிறைந்தபோது காணிக்காரப் பழங்குடிகளின் குடியிருப்புகளுக்கும் அம்பூரிக்கும் இடையே நீர் விரிந்தது. கும்பிச்சல் கடவில் தோணியில் கடந்துதான் பள்ளிக்கும் ஆஸ்பத்திரிக்கும் சந்தைக்கும் போனார்கள். நமக்குப் பாசனம் தந்த அதே நீர் அவர்களுக்குத் தடையானது. 1958இல் சுற்றியுள்ள 128 சதுர கிலோமீட்டர் காடு வனவிலங்குச் சரணாலயமானது. நீர்த்தேக்கத்தில் முதலைகள் உண்டு. கரையில் குளித்தவர்களைத் தாக்கியதும் உண்டு. 2001 நவம்பர் 9 இரவு அம்பூரியில் மலைச்சரிவு ஏறத்தாழ 40 பேரைக் கொண்டுபோனது. சரணாலயத்தைச் சுற்றிய சூழல் உணர்திறன் மண்டலத்துக்கான வரைவு 2022இல் வந்தபோது, மலையடிவாரக் குடியேற்ற விவசாயிகள் அஞ்சி எதிர்த்தார்கள். காட்டைக் காக்காவிட்டால் அணைக்கு நீர் வராது, சேறுதான் வரும்; ஆனால் காக்கும் பாரம் முழுவதையும் மேலே இருப்பவர்கள் தலையிலேயே வைத்துவிட்டு, பயனைக் கீழே இருக்கும் நாம் மட்டும் அனுபவிப்பது நியாயமில்லை.

இதே மலையில் பயனைப் பகிர்ந்துகொள்வதற்கு ஒரு முன்மாதிரி இருந்ததை நம் ஊர் மறந்துவிடக் கூடாது. 1987இல் அகத்திய மலைக்குப் போன ஆய்வாளர்களுக்கு வழிகாட்டிய காணிக்காரர்கள், களைப்பு தெரியாமலிருக்கத் தாங்கள் தின்னும் ஆரோக்கியப்பச்சைச் செடியைக் காட்டினார்கள். பாலோட்டிலுள்ள வெப்பமண்டலத் தாவரவியல் பூங்கா மற்றும் ஆய்வு நிறுவனம் அதிலிருந்து ‘ஜீவனி’ என்ற மருந்தை உருவாக்கி, கோயம்புத்தூர் ஆர்ய வைத்திய பார்மசிக்கு ஏழு ஆண்டு உரிமம் கொடுத்தது. உரிமக் கட்டணம் 10 லட்சம் ரூபாய், விற்பனையில் 2 விழுக்காடு உரிமத்தொகை. இரண்டிலும் பாதி காணிக்காரர்களுக்கு. அதற்காக 1997இல் அவர்களுக்கென்று ஓர் அறக்கட்டளை பதிவானது. உலகமே திரும்பிப் பார்த்த ஏற்பாடு அது. பின்னர் செடியைப் பயிரிடுவதிலும் இலையைச் சேகரிப்பதிலும் வனத்துறையோடு சிக்கல் வந்து தளர்ந்தது. தளர்ந்த காரணம் முக்கியம்: கையெழுத்திட்ட மேசையில் காட்டின் பொறுப்பாளர்கள் இருக்கவில்லை. ஒரு செடிக்கு அப்படியென்றால், ஓர் ஆற்றுக்கு எத்தனை பேர் அந்த மேசையில் இருக்க வேண்டும்!

அணைக்குக் கீழே ஆறும் ஒரு தரப்பு. ஷட்டர் மூடியிருக்கும் கோடை மாதங்களில் ஆற்றில் ஓட வேண்டிய குறைந்தபட்ச நீர் இவ்வளவு என்று எழுதி வைக்க வேண்டும். மணல் அள்ளி அள்ளி நெய்யாற்றின் படுகை தாழ்ந்து, கரைகள் இடிந்த இடங்கள் உண்டு. ஆற்றில் நன்னீரின் தள்ளல் குறைந்தால், பூவாறுப் பக்கம் கடல் உப்பு மேலே ஏறுவதைக் கழிமுகத்து மக்கள் நன்கு அறிவார்கள். மழைக்காலத்தில் ஷட்டர் உயர்த்தும்போது நெய்யாற்றின்கரை தாழ்நிலங்கள் தவிக்கின்றன. 2021 நவம்பர் மழையில் பாறசாலைக்கும் நாகர்கோவிலுக்கும் இடையே ரயில் பாதையில் மண் சரிந்தபோது, ஒரே மழை இரண்டு மாநிலத்துக்கும் சேர்த்துத்தான் பெய்கிறது என்பது தெரிந்தது. அதே 2021இல் வந்த அணைப் பாதுகாப்புச் சட்டம், அணையின் பலத்தைக் காலமுறைப்படி பரிசோதிக்கக் கட்டாயப்படுத்துகிறது. கல்லையும் சுண்ணாம்பையும் பரிசோதிக்கும்போதே, நீர்ப் பங்கீட்டையும் அதே தவணையில் பரிசோதிக்கும்படி வைத்துவிடலாம்.

குடிநீர் இப்போது எல்லாவற்றையும் விஞ்சி நிற்கிறது. காளிப்பாறை குடிநீர்த் திட்டம் நெய்யாற்றை நம்பியது. 2017 கோடையில் பேப்பாறை அணை வறண்டபோது, காப்புக்காடு என்ற இடத்திலிருந்து பம்பு வைத்து நெய்யாற்று நீரை அருவிக்கரைக்கு அனுப்பித் திருவனந்தபுரம் நகரின் தாகம் தீர்த்தார்கள். அன்று அதைச் செய்தது சரியே. ஆனால் நகரம் கேட்டால் வாரங்களுக்குள் பம்பு வருகிறது, கடைவரம்பு விவசாயி கேட்டால் வழக்குதான் வருகிறது என்ற ஏற்றத்தாழ்வை இந்த ஊர்க்காரர்களாகிய நாம் சுட்டிக்காட்டாவிட்டால் வேறு யார் சுட்டிக்காட்டுவார்கள்?

வழக்கின் முடிவு எப்படி அமைந்தாலும் தண்ணீர் நம் ஊர்கள் வழியாகத்தான் போக வேண்டும். ஆகவே உடன்படிக்கையில் இருக்க வேண்டியவை இவை: எல்லையில் இரு மாநிலப் பொறியாளர்களும் சேர்ந்து படிக்கும் ஓர் அளவுகோல். வறட்சி ஆண்டில் யாருக்கு எவ்வளவு குறையும் என்று முன்கூட்டியே எழுதிய அட்டவணை. காணிக்காரர் ஊர்க்கூட்டத்துக்கும் பூவாறு மீனவர்களுக்கும் விளவங்கோட்டுப் பாசன விவசாயிகளுக்கும் தனித்தனி இருக்கை. இருபது ஆண்டுக்கு ஒருமுறை கட்டாயப் பரிசீலனை. பாறசாலை, செங்கல், குளத்தூர், காரோடு பஞ்சாயத்துகள் தங்கள் கிராம சபையில் இதைத் தீர்மானமாக எழுதலாம். கொல்லங்கோட்டிலும் ஏழுதேசத்திலும் அதே தீர்மானத்தை அதே வாரத்தில் எழுதலாம். இரு அரசுகளுக்கும் ஒரே மனு ஒரே நாளில் போய்ச் சேரட்டும்.