அண்ணாவியாரும் ஆசிரியரும்



கண்டி மாநகரிலிருந்து வத்துகாமம் வழியாகச் செல்லும் மலைப்பாதை, நக்கிள்ஸ் மலைத்தொடரின் அடிவாரத்தில் பன்வில என்னும் சிற்றூரை அடைகின்றது. அதனைச் சூழ்ந்துள்ள தேயிலைத் தோட்டங்களிலே, தமிழகத்திலிருந்து வந்து குடியேறிய மக்களின் வழித்தோன்றல்கள் தலைமுறை தலைமுறையாக உழைத்து வருகின்றனர். பேராதனைப் பல்கலைக்கழகமோ கண்டிக்கு மறுபுறத்தில், மகாவலி கங்கையின் கரையில் அமைந்துள்ளது. இரண்டிற்கும் இடையே உள்ள தூரம் அரைநாட் பயணம்கூட அன்று. எனினும், ஆசிரியராகப் போகும் பல்கலைக்கழக மாணவனுக்குக் கலையை எவ்வாறு பயிற்றுவது என்னும் விடயத்தில், இச்சிறு தூரம் இன்னும் முற்றாகக் கடக்கப்படவில்லை. அந்த வரலாற்றையே இன்று கூற விழைகின்றேன்.

பாட ஏற்பாட்டிற்கு நம் நாட்டுக் கல்வித் துறையினர் வழங்கும் பெயர் கலைத்திட்டம் என்பது. பெயரிலே கலை உண்டு. உள்ளே கலை எவ்வாறு இருக்கின்றது? நம் பாடசாலைகளில் ஆறாம் வகுப்பிற்கு வந்த பிள்ளை, கர்நாடக சங்கீதம், பரதநாட்டியம், சித்திரம், நாடகமும் அரங்கியலும் என்பனவற்றுள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். பாடுபவன் ஆடுவதில்லை, ஆடுபவள் வரைவதில்லை. அப்பிள்ளைக்குக் கற்பிக்க வரும் ஆசிரியரும் பெரும்பாலும் அவ்வாறே ஒரு துறையில் மட்டும் பயின்று வருகின்றார். ஆரம்ப வகுப்புகளிலோ நிலைமை வேறு. அங்கே பாட்டும் ஆட்டமும் சித்திரமும் ஒரே வகுப்பாசிரியரின் பொறுப்பு. ஒன்றையே கற்றவர் எல்லாவற்றையும் எங்ஙனம் கற்பிப்பார்?

இக்கேள்வி புதியதன்று. வங்கத்திலே இரவீந்திரநாத தாகூர் சாந்திநிகேதனத்தில் இசையையும் ஓவியத்தையும் நடனத்தையும் கல்வியின் நடுவே வைத்தார். 1934ஆம் ஆண்டில் அவர் இலங்கைக்கு வந்து, ஹொரணையில் ஸ்ரீபாலி என்னும் கலைக்கூடத்திற்கு அடிக்கல் நாட்டினார். சாந்திநிகேதனத்திற்குச் சென்று பயின்ற இலங்கையருள் எதிரிவீர சரச்சந்திரரும் ஒருவர். அவர் பின்னர் பல்கலைக்கழக ஆசிரியராகி, 1956ஆம் ஆண்டில் 'மனமே' என்னும் சிங்கள நாடகத்தை மேடையேற்றினார். அந்நாடகத்திற்குப் பழைய நாடகம மரபின் இசையைக் கற்பித்தவர் சார்ள்ஸ் சில்வா குணசிங்க குருன்னான்சே என்னும் கிராமியக் கலைஞர். பட்டதாரி மாணவர்கள் கிராமத்துக் குருவின் முன்னே மாணாக்கராய் அமர்ந்த அக்காட்சியே, என் கருத்தில், 'மனமே' என்னும் நாடகத்திற்கு நிகரான பெருநிகழ்ச்சி.

தமிழ்ப் பகுதியிலே இதனை நிகழ்த்தியவர் பேராசிரியர் சு. வித்தியானந்தன் அவர்கள். அவர் தம் மாணவரைக் கொண்டு 1962இல் கர்ணன் போர், 1963இல் நொண்டி நாடகம், பின்னர் இராவணேசன், வாலிவதை ஆகிய கூத்துக்களைத் தயாரித்தளித்தார். கர்ணன் போர் வடமோடி. நொண்டி நாடகம் தென்மோடி. மட்டக்களப்பு வந்தாறுமூலையைச் சேர்ந்த செல்லையா அண்ணாவியார் மாணவரைப் பழக்கினார். தமிழ் இலக்கணமும் வரலாறும் பொருளியலும் படித்துக்கொண்டிருந்த இளைஞர்கள், மாலையிலே அவர்முன் நின்று தாளக்கட்டுக்கு அடி எடுத்து வைத்தனர்.

அண்ணாவியார் கற்பிக்கும் முறையைச் சற்று உற்று நோக்குதல் வேண்டும். அவரிடத்தில் இசைக்கென ஒரு பாடவேளையும் ஆட்டத்திற்கென மற்றொரு பாடவேளையும் இல்லை. முதலில் ஒவ்வொருவருக்கும் அவரவர் பாத்திரத்திற்குரிய பாடற்பகுதியைப் பிரித்து அளிப்பர். சட்டங்கொடுத்தல் என்பது இதன் பெயர். பின்னர் பாட்டும் ஆட்டமும் ஒருங்கே பழக்கப்படும். மத்தளத்தின் சொற்கட்டே காலுக்கும் கட்டளை, குரலுக்கும் கட்டளை. ஓரளவு தேறியபின் சதங்கை அணிதல். அதன்பின் அடுக்குப் பார்த்தல். கூத்து முழுவதையும் உடையின்றித் தொடர்ச்சியாக ஆடிப் பார்ப்பது அது. இறுதியிலே ஒப்பனையும் உடையும் அணிந்து அரங்கேற்றம். ஆடாதவனும் வாளாவிருப்பதில்லை; பிற்பாட்டுப் பாடுவான், சல்லாரி தட்டுவான், ஏடு பார்ப்பான். ஒருவனுக்குத் தன் பங்கு மட்டுமன்றிப் பிறர் பங்கும் தெரிந்திருக்கும். வட்டக்களரியிலே மக்கள் சூழ்ந்திருப்பதனால், நாற்றிசைக்கும் முகங்கொடுத்து ஆட வேண்டும். இக்காலத்தார் ஒருங்கிணைந்த கலைக்கல்வி என்று கூறுவதன் படிமுறை, எழுதப்படாமலே, இங்கு முழுமையாக இருந்தது.

பேராதனையிலே இதில் ஒரு பகுதி கைவிடப்பட்டது என்பதையும் மறைத்தலாகாது. விடிய விடிய ஆடும் கூத்து ஒன்றரை மணி நேர அளவிற்குச் சுருங்கியது. வட்டக்களரியை விட்டு, ஒருபுறம் மட்டும் பார்வையாளர் இருக்கும் படச்சட்ட மேடைக்கு வந்தது. நகர மக்கள் கூத்தை மதிக்கத் தொடங்கியது இதனாலேயே என்பர் ஒரு சாரார். கூத்தின் உயிர்நிலை குன்றியது என்பர் மறுசாரார். ஆசிரியப் பயிற்சி என்ற நோக்கில் பார்ப்பின், சுருக்கியது நன்மையே என்பேன். நாற்பது நிமிடப் பாடவேளையைக் கொண்ட பாடசாலைக்கு அது கொண்டு செல்லத்தக்கதாயிற்று. ஆனால் களரியை இழந்தது வேறு விடயம். வகுப்பறையில் ஆசிரியரும் நாற்புறமும் பிள்ளைகள் சூழவே நிற்கின்றார் அல்லவா?

இராவணேசனில் இராவணனாக ஆடிய சி. மௌனகுரு அவர்கள் பிற்காலத்தில் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் நுண்கலைத்துறைப் பேராசிரியராகித் தம் மாணவரைக் கொண்டு அதே கூத்தை மீண்டும் மேடையேற்றினார். அக்காலப் பேராதனை மாணவருட் பலர் பட்டம் பெற்று ஆசிரியராயினர். 1970களின் நடுப்பகுதியில் கொழும்புப் பல்கலைக்கழகம் பட்டதாரி ஆசிரியர்க்கென நாடக டிப்ளோமாப் பயிற்சியை நடத்தியது. நாளடைவில் நாடகமும் அரங்கியலும் பல்கலைக்கழகத்திலும் பாடசாலையிலும் தனிப்பாடமாயிற்று. அது பெருவெற்றியே. ஆனால், எல்லாக் கலைகளையும் இணைக்க வந்த கூத்து, பாடநேர அட்டவணையில் மற்றுமொரு கட்டத்தினுள் அடங்கியதும் அன்றே.

இனிப் பன்விலவிற்கு மீள்வோம். பேராதனையில் அரங்கேறிய அந்நான்கு கூத்துக்களின் வரிசையில் மலையகக் கூத்து ஒன்றுமில்லை. தோட்டப் பாடசாலைகள் அக்காலத்தில் பெரும்பாலும் தோட்ட நிருவாகத்தின் கீழேயே இருந்தன. 1970களின் பிற்பகுதியிலேதான் அவற்றை அரசாங்கம் பொறுப்பேற்கத் தொடங்கியது. அப்பாடசாலைகளுக்கு வெளியே, மலையகத் தோட்டங்களில் அருச்சுனன் தபசும் பொன்னர் சங்கரும் காமன் கூத்தும் ஆடப்பட்டு வந்தன. காமன் கூத்திலே மாசி மாத வளர்பிறையில் கம்பம் ஊன்றி, ரதியும் மதனும் லயம் லயமாகச் சென்று ஆடி, பௌர்ணமியை ஒட்டிக் காமதகனம் நிகழும். பெரும்பாலும் ஆடவரே ரதியாக ஆடுவர். பழக்குபவரைத் தோட்டத்தார் மாஸ்டர் என்றோ வாத்தியார் என்றோ அழைப்பர். பாடசாலையில் ஒருவர், கூத்தில் ஒருவர் என, தோட்டத்துப் பிள்ளைக்கு வாத்தியார் இருவர். இருவரும் ஒருவரோடொருவர் பேசியதுண்டா என்பதே கேள்வி.

இதிலே ஓர் இடையூறு உண்டு. அதனைக் கூறாது விடுதல் நேர்மையன்று. காமன் கூத்தின் உயிர் தப்பு என்னும் பறை. மத்தளம் பல்கலைக்கழகத்திற்குள் நுழைந்ததுபோல் தப்பு எளிதில் நுழைவதில்லை. சாவுவீட்டோடும் சாதியோடும் அதனைப் பிணைத்து வைத்திருக்கின்றோம். தப்பை நீக்கி மிருதங்கத்தைச் சேர்த்து ஆடலாமே என்பார் உளர். அவ்வாறு செய்தால், அதனை முழக்கும் தந்தையின் மகன் வகுப்பறையில் என்ன கற்றுக்கொள்வான்? தன் வீட்டுக் கலை கலையன்று என்பதைக் கற்றுக்கொள்வான்.

ஆகவே, ஆசிரியப் பயிற்சி பெறும் பல்கலைக்கழக மாணவர்க்கு ஒருங்கிணைந்த கலைத்திட்டம் வகுப்போர், நான்கு துறைகளிலிருந்தும் சிறிது சிறிதாக எடுத்துக் கோவையாக்குதல் போதாது. ஓர் ஆண்டிற்கு ஒரு கூத்து என்று கொள்ளட்டும். மாணவர் அதனை மாஸ்டரிடம் தொடக்கம் முதல் பழகட்டும், பாடல்களை ஏட்டிலெழுதட்டும், உடையையும் முடியையும் தம் கையாலே செய்யட்டும். பின்னர் அதிலிருந்து ஒரு சிறு பகுதியைப் பிரித்துப் பத்து வயதுப் பிள்ளைகளுக்குக் கற்பித்துக் காட்டட்டும். தஞ்சை வட்டாரத்தில், காமன் எரிந்தானா எரியவில்லையா என்று இரு கட்சியாகப் பிரிந்து இலாவணி பாடும் வழக்கம் உண்டு. மொழிப்பாடத்திற்கு இதனினும் சிறந்த வாதப்பயிற்சி எங்கே கிடைக்கும்?

வசதியும் இருக்கின்றது. நம் பாடசாலைகளின் முதலாந் தவணை வழமையாக மாசி மாதத்தை உள்ளடக்கியது. கற்பித்தற் பயிற்சிக்குச் செல்லும் மாணவரை அத்தவணையில் பன்வில, மடுல்கலைப் பக்கத்துப் பாடசாலைகளுக்கு அனுப்பினால், பகலில் வகுப்பறையும் இரவில் கூத்துக்களமும் அவர்க்கு ஒருங்கே வாய்க்கும். மதிப்பீட்டின்போது விரிவுரையாளரோடு கூத்து மாஸ்டரும் அமர்ந்து புள்ளியிடுதல் வேண்டும். வருகைதரு விரிவுரையாளருக்கு அளிக்கும் அதே வேதனத்தை அவருக்கும் பல்கலைக்கழகம் அளித்தல் வேண்டும்.