பூதம்: நான்கும் ஐந்தும்

கொழும்பில் நாளிதழ் விரிக்கும் தமிழர் எவருக்கும் 'பூதம்' என்ற சொல் தப்பாது. மரண அறிவித்தல் பக்கத்தில் ஒருவரின் 'பூதவுடல்' வெள்ளவத்தையில் அஞ்சலிக்காக வைக்கப்பட்டுப் பொரளை கனத்தைக்கு எடுத்துச் செல்லப்படும் என்றிருக்கும். இராசிபலன் பக்கத்தில் மேடமும் சிங்கமும் தனுசும் நெருப்புப் பூதத்தின் இராசிகள், அவற்றிற் பிறந்தோர் சினமும் துணிவும் உள்ளவர் என்றிருக்கும். அதே வீட்டில் சாப்பிட மறுக்கும் பிள்ளைக்குப் பூதம் வரும் என்று பாட்டி சொல்லிக்கொண்டிருப்பார். மூன்று இடத்திலும் சொல் ஒன்றே. ஆனால் பூதவுடலில் பூதம் ஐந்து, இராசிபலனில் நான்கு, பாட்டியின் பூதத்துக்கு எண் கிடையாது.

இராசிபலனின் நான்கு இன்று பரவலாகத் தெரிந்தவை. மேடம், சிங்கம், தனுசு நெருப்பு. இடபம், கன்னி, மகரம் நிலம். மிதுனம், துலாம், கும்பம் காற்று. கடகம், விருச்சிகம், மீனம் நீர். இது முன்னோர் வகுத்த நாற்பூதக் கொள்கை என்றும், 'பூத்தது பூதம்' ஆதலால் சொல்லும் தூய தமிழே என்றும் மேடைகளிற் பேசுவது வழக்கமாகிவிட்டது. கொள்கையும் சொற்பிறப்பும் இரண்டுமே பிழை. சொல்லை முதலில் எடுத்துக்கொள்ளலாம்.

'பூ' என்னும் தமிழ்வினை தோன்றுதலையும் மலர்தலையும் குறிக்கும் என்பதில் ஐயமில்லை. அதிலிருந்து பிறந்த பெயர்கள் பூப்பு, பூத்தல் என்பன, பெயரெச்சம் பூத்த. இரட்டித்து நிற்கும் தகரம் ஒற்றையாகி 'பூதம்' ஆவதற்குத் தமிழில் வழியில்லை. ஒலியும் பொருளும் ஓரளவு ஒத்தால் போதும் என்று சொற்பிறப்புச் சொல்லத் தொடங்கினால் எந்தச் சொல்லையும் எந்த வேரிலும் கட்டிவிடலாம். வடமொழியில் 'பூ' என்பது இருத்தல், ஆதல் என்னும் பொருளுடைய வேர். அதன் இறந்தகால எச்சம் 'பூத'. ஆனது, உண்டானது, உள்ளது என்பது பொருள். சென்னைப் பல்கலைக்கழகப் பேரகராதி இந்த வழியையே காட்டுகிறது. அதை மறுத்தோர் ஆசையைச் சொன்னார்களே தவிரச் சான்று எதையும் வைக்கவில்லை.

இதற்கு அகராதியை விட வலிய சான்று நூல்களுக்குள்ளேயே இருக்கிறது. தொல்காப்பிய மரபியல் உலகம் ஐந்தின் கலப்பு என்று சொல்லுமிடத்தில் நிலம், தீ, நீர், வளி, விசும்பு என்று ஒவ்வொன்றையும் தமிழ்ப்பெயரால் எண்ணுகிறது. தொகையாக 'ஐந்தும்' என்று மட்டும் சொல்லி நின்றுவிடுகிறது. பூதம் என்ற சொல் அங்கே இல்லை. புறநானூற்றின் இரண்டாம் பாட்டில் அதே ஐந்தும் அதே தமிழ்ப்பெயர்களோடு வருகின்றன. தொகைப்பெயர் மட்டும் 'ஐம்பெரும்பூதம்' என்று நிற்கிறது. இதில் 'பெரும்' என்ற அடை சும்மா வந்ததன்று. வடமொழியின் 'மகாபூத' என்பதில் 'மகா'வைத் தமிழாக்கி, 'பூத'வை அப்படியே வைத்துக்கொண்ட பெயர் அது. பொருள்கள் ஐந்துக்கும் தமிழில் சொந்தப் பெயர் இருந்தது. ஐந்தையும் ஒரு குடைக்கீழ்க் கொண்டுவரும் பெயர்தான் கடன். ஒரு கோட்பாடு ஊருக்குள் வரும்போது தலைப்புச்சொல் வெளியிலிருந்தும் உள்ளுறைச் சொற்கள் வீட்டிலிருந்தும் வருவது மொழிகள் பலவற்றிலும் காணும் நடைமுறை. அதில் தமிழுக்குக் குறை ஒன்றும் இல்லை.

அந்தப் பாட்டு சொல்லாராய்ச்சிக்கு மட்டும் பயன்படுவதன்று. பூதமும் மனிதக் குணமும் தமிழில் எப்படி இணைந்தன என்பதற்கும் அதுவே முதற்சான்று. முரஞ்சியூர் முடிநாகராயர் சேரமான் பெருஞ்சோற்று உதியஞ்சேரலாதனைப் பாடியது. நிலத்துக்குப் பகைவரைப் பொறுத்தல், விசும்புக்குச் சூழ்ச்சியின் அகலம், வளிக்கு வலிமை, தீக்கு அழிக்கும் ஆற்றல், நீருக்கு அருள் என்று ஐந்து குணங்களை ஐந்து பூதங்களுக்கு நேர்நேராக வைக்கிறார். வளிக்கு 'வலி' என்று வைத்ததில் ஓசையின் சாடை தெரிகிறது. எதிரெதிரான தெறலும் அளியும் தீயும் நீருமாக அடுத்தடுத்து நிற்கின்றன. கூர்ந்து நோக்க வேண்டியது ஒன்று உண்டு: இங்கே ஓர் ஆளுக்கு ஒரு பூதம் இல்லை. ஐந்தும் ஒருவனிடமே கூடியிருக்கின்றன. இன்னார் நெருப்பு, இன்னார் நீர் என்று மனிதரைப் பிரித்து அடைக்கும் எண்ணம் புலவருக்கு இல்லை. திருக்குறளிலும் இதே பார்வைதான். கூடாவொழுக்க அதிகாரத்தின் முதற்குறள், வஞ்சகனின் பொய்யொழுக்கத்தைக் கண்டு அவனுக்குள்ளிருக்கும் பூதங்கள் ஐந்தும் நகும் என்கிறது. பரிமேலழகர் புகழுடம்பிலிருந்து பிரித்துக் காட்டும் பூதவுடம்பும் ஐந்தாலானதே. மரண அறிவித்தலின் 'பூதவுடல்' அந்த வழியில் வந்த சொல். பழைய பொருளைச் சிதையாமல் காத்து நிற்கும் அந்தச் சொல்லை அச்சுக் கோத்தவரும் வாசித்தவரும் தலைமுறை தலைமுறையாகக் கடத்தி வந்திருக்கிறார்கள்.

பாட்டியின் பூதமும் அதே 'பூத'தான். உள்ளது, இருப்பது என்ற பொருள் உயிருள்ளது என்றாகி, கண்ணுக்குத் தெரியாமல் இருப்பது என்று ஒடுங்கியது. சிங்களத்தில் 'பூதயா' என்பதும் இவ்வழியே பேயைக் குறிக்கும். ஆயினும் பழந்தமிழில் பூதம் அஞ்சுதற்குரியது மட்டுமன்று, வணங்குதற்கும் உரியது. சிலப்பதிகாரத்துப் புகாரில் நாளங்காடிப் பூதத்துக்குப் பலி உண்டு. சதுக்கப் பூதம் பொய்ச்சாட்சி சொன்னவரைப் புடைத்து உண்ணும். அழற்படு காதையில் மதுரையை விட்டு நீங்கும் பூதங்கள் நான்கு. அந்தணர், அரசர், வணிகர், வேளாளர் என்ற நாற்பாலுக்கும் உரியவை அவை. நிலமும் நீருமாகிய பூதங்கள் அல்ல. நான்கு என்ற எண்ணைக் கண்டதும் நாற்பூதக் கொள்கை என்று பாய்வோர் இந்தக் காதையை ஒருமுறை வாசிக்க வேண்டும். சங்கப் புலவர் ஈழத்துப் பூதந்தேவனாரின் பெயரிலுள்ள 'பூதன்' இந்தத் தெய்வப் பூதத்தையே குறிக்கிறது. மக்கட்பெயராக வழங்கும் அளவுக்கு அது மதிப்புடையதாக இருந்தது. பேருருவம் பூதத்தின் அடையாளம் ஆனபின் பூதாகாரம் வந்தது. சிறியதைப் பெரிதாக்கும் ஆடி பூதக்கண்ணாடி ஆயிற்று.

நான்கு பூதம் தமிழிலும் ஈழத்திலும் அறவே இல்லாத கணக்கன்று. ஆனால் அது இருந்த இடம் வேறு. மணிமேகலையின் சமயக்கணக்கர் காதையில் ஆசீவகன் நிலம், நீர், தீ, காற்று என்னும் நான்கு அணுக்களைச் சொல்லி, உயிரைச் சேர்த்து ஐந்தாக்குகிறான். அதே காதையில் வரும் பூதவாதி, பூவும் கட்டியும் கூடினால் கள்ளில் களிப்புப் பிறப்பதுபோலப் பூதக் கூட்டத்தில் உணர்வு பிறக்கும் என்கிறான். நான்கை நிலையாகப் பிடித்துக்கொண்டவர்கள் தேரவாதப் பௌத்தர். பாளியின் 'மகாபூத' என்றும் நான்கே. ஆகாயம் அந்தக் கணக்கில் அடங்காது. கொட்டாஞ்சேனையின் தீபதுத்தாராம விகாரையில் இன்றும் சிங்களப் பிள்ளைகளுக்குச் சொல்லப்படும் 'சதர மகா பூத' அதுதான். 'தாது' என்ற பெயரும் அவற்றுக்கு உண்டு. அதே தாது கண்டியிலே புத்தரின் பல்; தமிழ்ச் செய்யுளிலே பூவின் பொடி; மருத்துவர் வாயிலே உடலின் ஏழு கட்டுகள். பூதத்தைப் போலவே பல வீடு புகுந்து பல வேலை பார்க்கும் சொல் அது.

ஐந்தாம் நூற்றாண்டில் அனுராதபுர மகாவிகாரையில் இருந்து விசுத்திமக்கம் எழுதிய புத்தகோசர், மனித இயல்புகளை ஆறாக வகுக்கிறார்: ஆசை, வெறுப்பு, மயக்கம், நம்பிக்கை, அறிவு, அலைபாயும் எண்ணம். இவற்றுக்குக் காரணம் பூதங்களின் ஏற்றத்தாழ்வு என்று சிலர் சொல்வதை அவர் எடுத்துக்காட்டுகிறார். நிலமும் நீரும் மிகுந்தால் மயக்கம், தீயும் காற்றும் மிகுந்தால் வெறுப்பு, நான்கும் சமமானால் ஆசை என்பது அச்சிலரின் கணக்கு. அது முடிந்த முடிபன்று என்று புத்தகோசர் தள்ளிவிடுகிறார். ஒருவரின் இயல்பை அறிய அவர் காட்டும் வழி நடையையும் வேலையையும் பார்ப்பது. ஆசை இயல்பினர் விளக்குமாற்றைப் பதமாகப் பிடித்து, அவசரப்படாமல், மணலைச் சிதறடிக்காமல் ஒரே சீராகக் கூட்டுவார். வெறுப்பு இயல்பினர் இறுக்கிப் பிடித்து, இருபுறமும் மணலை வாரி அடித்து, கரகரவென்ற ஓசையோடு கூட்டுவார். மயக்க இயல்பினரின் கையில் விளக்குமாறு தளர்ந்து கிடக்கும். கூட்டிய இடம் துப்புரவாகவும் இராது, சீராகவும் இராது. பூதமும் குணமும் பற்றி இலங்கை மண்ணில் எழுந்த வாதம் இது. பிறந்த நேரத்துக்கு அதில் இடமே இல்லை.

இராசிகளோடு நான்கு பூதங்களை முடிந்தவர்கள் யவனர். எம்பெதொக்கிளிஸ் கி.மு. ஐந்தாம் நூற்றாண்டிற் சொன்ன நான்கு மூலங்களை, கி.பி. இரண்டாம் நூற்றாண்டின் வெத்தியுஸ் வாலன்ஸ் இராசி முக்கோணங்களுக்குக் கொடுத்தார். அதே நூற்றாண்டின் தொலமி முக்கோணங்களைக் கிரகங்களோடும் திசைக் காற்றுகளோடும் இணைத்தாரேயன்றிப் பூதங்களோடு இணைக்கவில்லை. ஆறாம் நூற்றாண்டின் வராகமிகிரர் யவனரிடம் தாராளமாகக் கடன் வாங்கியவர். மேடத்துக்குக் கிரியம், இடபத்துக்குத் தாவுரி, சிங்கத்துக்கு லேயம் என்று அவர்கள் பெயர்களையே பிருகச்சாதகத்தில் எழுதினார். மேடம், சிங்கம், தனுசு மூன்றும் அவரிடத்தில் கிழக்கு; மற்ற மூன்று முக்கோணங்களும் முறையே தெற்கு, மேற்கு, வடக்கு. பூதங்களை அவர் கொடுத்தது கிரகங்களுக்கு: செவ்வாய்க்குத் தீ, புதனுக்கு நிலம், வியாழனுக்கு ஆகாயம், வெள்ளிக்கு நீர், சனிக்குக் காற்று. அங்கும் ஐந்துதான். மகரத்தின் பிற்பாதியை அவர் நீர்வாழ் உருவமாகக் கொண்டார். மகரம் என்ற சொல்லே நீர்விலங்கைக் குறிக்கிறது. நால்வகைக் கணக்கிலோ அது நில இராசி. தண்ணீர்க் குடமாகிய கும்பம் காற்று இராசி. பெயரின் பொருளே ஒப்பாத ஒரு வகுப்பை முன்னோர் வகுத்தார்கள் என்று சொல்வது முன்னோரின் மொழியறிவுக்கு இழுக்கு.

திருமணப் பொருத்த நூல்களின் பூதப் பொருத்தமும் நட்சத்திரங்களைக் கொண்டே வகுக்கப்பட்டது. அசுவினி முதல் மிருகசீரிடம் வரை ஐந்து நிலம்; திருவாதிரை முதல் பூரம் வரை ஆறு நீர்; உத்தரம் முதல் விசாகம் வரை ஐந்து தீ; அனுசம் முதல் திருவோணம் வரை ஆறு காற்று; அவிட்டம் முதல் ரேவதி வரை ஐந்து ஆகாயம். குணம் பார்க்க வேண்டுமாயின் அதற்குக் கணம் தனியே உண்டு. தேவ, மனுச, இராட்சத கணங்களுக்கு ஒன்பது ஒன்பதாக நட்சத்திரங்கள். வெள்ளவத்தையில் மாப்பிள்ளை தேடும் மணமகள் விளம்பரத்தில் நட்சத்திரம், கிரகபாவம், செவ்வாய் உண்டா இல்லையா என்பன இருக்கும். நெருப்பு இராசி என்று எழுதி எவரும் வரன் தேடுவதில்லை. சாத்திரியாரும் அதைக் கேட்பதில்லை.

      

நான்கு பூதக் குணப்பலன் தமிழுக்கு வந்தது இருபதாம் நூற்றாண்டில், ஆங்கிலத்தின் வழியாக. இலண்டனில் பிரம்மஞான சபையைச் சேர்ந்த அலன் லியோ (1860–1917) சோதிடத்தை நடக்கப்போவது சொல்வதிலிருந்து குணம் சொல்வதற்குத் திருப்பினார். 1930 ஆகஸ்டில் இளவரசி மார்கரெட்டின் பிறப்பையொட்டி ஆர். எச். நெய்லர் சண்டே எக்ஸ்பிரஸில் எழுதிய பலன், நாளிதழ்களில் இராசிபலனுக்கு வழி திறந்தது. கொழும்பில் வீரகேசரி நாளிதழ் பிறந்ததும் அதே மாதம். 1975 இல் ஸ்டீபன் அரோயோ எழுதிய நூல் நான்கு பூதங்களையும் உளவியலையும் தலைப்பிலேயே சேர்த்தது. அவர்கள் கணக்கில் ஏப்ரல் 1 இல் பிறந்தவரின் சூரியன் மேடத்தில், எனவே நெருப்பு. வாக்கியமாயினும் திருக்கணிதமாயினும் பஞ்சாங்கத்தில் அன்று சூரியன் மீனத்தில். சித்திரைப் புத்தாண்டுக்கு இன்னும் இரு வாரம் இருக்கிறது. அதே கணக்கை மாற்றாமல் வைத்தால் அவர் நீர். போதாக்குறைக்கு, தமிழர் 'என் இராசி' என்று சொல்வது சந்திரன் நின்ற இராசியை. ஒரே ஆளை நெருப்பென்றும் நீரென்றும் சொல்ல வைப்பது வானமன்று. இரண்டு கணக்குகளைப் பிரித்தறியாமல் ஒன்றாக்கிய மொழிபெயர்ப்பு.

கொட்டாஞ்சேனையை அடுத்த கொச்சிக்கடையில் 1856 இல் பொன்னம்பல முதலியார் எழுப்பி, அவர் மகன் சேர் பொன்னம்பலம் இராமநாதன் பின்னர் கருங்கல்லால் கட்டுவித்த கோயிலின் இறைவன் பெயர் பொன்னம்பலவாணேசர். பொன்னம்பலம் சிதம்பரம், காஞ்சி நிலம், திருவானைக்கா நீர், அண்ணாமலை தீ, காளத்தி காற்று என்று எண்ணிவரும்போது ஐந்தாவதாகிய ஆகாயத்தின் தலம். நால்வகைக் கணக்கு விட்டுவிட்ட பூதம் அதுவே. முடிநாகராயர் சூழ்ச்சியின் அகலத்துக்கு வைத்த விசும்பும் அதுவே. பூதம் என்ற பெயர் வடக்கிலிருந்து வந்தது. அதைத் தமிழ் ஏற்றுக்கொண்டது ஐந்து என்ற எண்ணோடு. அந்த எண்ணிலிருந்து விசும்பை எடுத்துவிட்டு மிஞ்சும் நான்கைத் தமிழ்ப் பூதம் என்று அழைப்பதற்குத் தொல்காப்பியம் தொட்டுப் பஞ்சாங்கம் வரை எங்கும் இடமில்லை.