வாலி எந்த அணி?

கரிகாலனுக்கு அவந்தி வேந்தன் தோரணவாயிலைக் கொடுத்தான். மகத வேந்தன் பட்டிமண்டபத்தைக் கொடுத்தான். சிலப்பதிகாரம் இந்திர விழவைச் சொல்லும் இடத்தில் வருகிற செய்தி இது. மகதத்தான் பகையாக நின்றவன். வாதாடும் இடத்தைக்கூடப் பகைவனிடமிருந்துதான் வாங்கியிருக்கிறோம்!

ஆனால் மணிமேகலை வஞ்சி நகரில் கேட்ட வாதம் இன்றைய பட்டிமன்றம் போன்றதல்ல. அளவைவாதி, சைவவாதி, ஆசீவகன், நிகண்டவாதி, சாங்கியன், பூதவாதி என்று ஒவ்வொருவராகத் தம் கட்சியைச் சொல்கிறார்கள். அவளும் பொறுமையாகக் கேட்கிறாள். பூதவாதியிடம் மட்டும் சிரித்துவிட்டு ஒரு பதில் சொல்கிறாள். யாருக்கும் கைதட்டல் இல்லை, தீர்ப்பும் இல்லை.

தமிழாசிரியையாக இருந்த நாளில் நான் ஏறிய மேடைக்குப் பரம்பரை வேறு. காரைக்குடியில் சா. கணேசன் 1939இல் கம்பன் கழகத்தைத் தொடங்கினார். கம்பன் விழாக்களில்தான் இந்தப் பட்டிமன்றம் ஊன்றி வளர்ந்தது: நடுவில் நடுவர், இருபுறமும் மும்மூன்று நாற்காலி. அதே காலத்தில் வெளியே இன்னொரு வாதம் நடந்தது. கம்பராமாயணத்தையும் பெரியபுராணத்தையும் கொளுத்தலாமா, கூடாதா? 1943இல் சென்னைச் சட்டக் கல்லூரியில் அண்ணாவும் ரா.பி. சேதுப்பிள்ளையும் மோதினார்கள், பிறகு சேலத்தில் நாவலர் சோமசுந்தர பாரதியார் எதிரணி. ‘தீ பரவட்டும்’ என்று அச்சிலும் வந்தது. கம்பனின் கவித்திறனை அண்ணா மறுத்தவரில்லை. அந்தத் திறன் எந்தக் கருத்தைச் சுமந்து வருகிறது என்பதே அவர் வழக்கு. கொளுத்து, கொளுத்தாதே என்ற கூச்சலில் அந்த நுட்பம் யார் காதில் ஏறியது?

எங்கள் மேடையில் தீ இல்லை. ‘வாலி வதம் சரியா, தவறா?’ என்பதுதான் எங்களுக்கு வாய்க்கும் தலைப்பு. “டீச்சர், உங்களுக்குத் தவறு அணி” என்று அமைப்பாளர் சொல்லிவிட்டால் அன்றைக்கு எனக்கு இராமன் குற்றவாளி. பேச எட்டு நிமிடம். ஏழாவதில் ஒரு மணி, எட்டாவதில் இன்னொன்று. மறைந்து நின்று அம்பு விட்டது ஏன் என்று வாலி கேட்கிறான் அல்லவா, அங்கே குரலை உயர்த்துவேன். கம்பனில் அதற்கு விடை சொல்பவன் இராமன் இல்லை, இலக்குவன். “கட்சிக்காரர் வாய் திறக்கவில்லை, வக்கீல்தான் பேசுகிறார்” என்றால் பந்தல் அதிரும்.

பிறகுதான் தொல்லை. சாகும் முன் வாலி ஒரு வரம் கேட்கிறான். என் தம்பி மதுவுண்ட மயக்கத்தில் தப்பாக ஏதும் செய்தால் சினந்துவிடாதே. என்மேல் ஏவிய அம்பை அவன்மேல் ஏவாதே. சரணடைந்தவனின் விண்ணப்பம்தானே என்று ‘சரி’ அணி இந்தப் பாட்டை எடுத்துக்கொள்ளும். என்மேல் ஏவிய அம்பு என்று சாகும்போதும் சொல்லிக்காட்டுகிறான் பாருங்கள் என்று நாங்கள் எடுத்துக்கொள்வோம். எனக்கு இரண்டுமே சரியாகத்தான் படும். அவன் மன்னித்தும் விட்டான், மறக்கவும் இல்லை. தம்பியைக் காப்பாற்றக் கிடைத்த கடைசி வாய்ப்பில் தன் காயத்தையே சாட்சியாக வைக்கிறான். இதைச் சொல்லத் தொடங்கினால் எங்கள் அணித்தலைவர் முகம் மாறும். எந்தப் பக்கம் கைதட்டுவது என்று கூட்டத்துக்கும் தெரியாது. உயர்நீதிமன்றத் தலைமை நீதிபதியாக இருந்த மு.மு. இஸ்மாயிலே வாலி வதத்துக்காக ‘மூன்று வினாக்கள்’ என்று தனி நூல் எழுதியிருக்கிறார். எட்டு நிமிடத்தில் நான் எதைப் பிரித்துச் சொல்ல?

அந்த வேலைக்குத்தான் நடுவர். குன்றக்குடி அடிகளார் போன்றவர்கள் அமர்ந்த நாற்காலி அது. இரு அணியும் விட்டதை எடுத்துத் தொகுத்துச் சொல்வதே நல்ல நடுவரின் தொழில். தீர்ப்பு அதன் வால். 1993இல் சன் டி.வி. வந்தது. பண்டிகை நாள் பட்டிமன்றம் வீட்டுக்கூடத்துக்கே வந்து சேர்ந்தது. சாலமன் பாப்பையாவின் மதுரைப் பேச்சை நான் விரும்பிக் கேட்பவள். ஆனாலும் கூட்டுக்குடும்பமா தனிக்குடித்தனமா என்று தலைப்புகள் இறங்கியபோது, ஊர் மேடைகளும் அதே பக்கம் சாய்ந்தன. சிரிப்புக்கு நேரம் கூடியது, தொகுப்புரைக்குக் குறைந்தது.

நான் கடைசியாகப் பேசிய ஒரு திருவிழாவில், நடுவர் அந்த வரம் கேட்கும் பாட்டைப் பிரித்து விளக்க ஆரம்பித்தார். அமைப்பாளர் பின்னால் வந்து குனிந்து சொன்னார்: “ஐயா, சரியா தவறான்னு மட்டும் சொல்லிருங்க. ஜனங்க கடைசி பஸ்ஸப் பிடிக்கணும்.”