உடைந்த பாட்டில், எரிந்த சான்றிதழ்

2022 ஜூலையில் கள்ளக்குறிச்சி மாவட்டம் சின்னசேலம் பக்கத்துக் கிராமங்களில் தண்டோரா போட்டார்கள். கனியாமூர் பள்ளியிலிருந்து எடுத்துப்போன பெஞ்சு, நாற்காலி எதுவானாலும் திருப்பித் தந்துவிட வேண்டும் என்பது அறிவிப்பு. சிலர் சாலையோரத்தில் போட்டுவிட்டுப் போனார்கள்.

ஜூலை 13 அன்று அந்த உறைவிடப் பள்ளியில் பன்னிரண்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி இறந்துகிடந்தாள். நான்கு நாள் போராட்டம். 17ஆம் தேதி அது கலவரமானது. பள்ளிப் பேருந்துகள் எரிந்தன, வகுப்பறைகள் சூறையாடப்பட்டன, காவலர்கள் காயம்பட்டனர். 300 பேருக்கு மேல் கைதானார்கள். ஒரு பெண் பிள்ளைக்கு நீதி கேட்டு மூட்டிய தீயில், அங்கே படித்த மற்றப் பிள்ளைகளின் சான்றிதழ்களும் சாம்பலாயின. அவற்றுக்கு நகல் எடுத்துக் கொடுக்கும் வேலை பிறகு அரசின் தலையில் விழுந்தது.

பெண்ணுக்கு நியாயம் கேட்கும்போது கல்லை எடுக்கலாமா? கள்ளக்குறிச்சிப் பக்கம் இந்தக் கேள்விக்கு வயது அதிகம். அதன் வேர் பள்ளிக்கூடத்தில் இல்லை, சாராயத்தில் இருக்கிறது.

ஊருக்கு மேற்கே எழும் கல்வராயன் மலை, மலையாளிப் பழங்குடிகளின் மண். கிருஷ்ணதேவராயர் காலத்தில் வழங்கப்பட்டதாகச் சொல்லப்படும் ஜாகீர்களின் கீழ் நெடுங்காலம் இருந்தது. நாடு விடுதலை அடைந்து கிட்டத்தட்ட முப்பது ஆண்டுகளுக்குப் பிறகு, 1976இல்தான் அரசு அதைக் கையில் எடுத்தது. அதுவரை வரி, வழக்கு, பஞ்சாயத்து எல்லாம் ஜாகீர்தாரிடம். மனு எழுதிக்கொண்டு போக ஒரு தாலுகா ஆபீஸ் என்ற பேச்சே மலையில் தாமதமாகத்தான் வந்தது.

சாராயம் அதற்கு முன்பே வந்துவிட்டது. இந்த மலையின் கடுக்காய்க்கு மருந்துக் கடைகளில் நல்ல பெயர். அதே கடுக்காயை வெல்லத்தோடும் வேலம்பட்டையோடும் சேர்த்து ஓடைக்கரையில் பேரலில் ஊறப் போட்டால் அது ‘ஊறல்’. சில நாளில் நுரை தட்டும். அடுப்பேற்றிக் காய்ச்சினால் சரக்கு. அதை லாரி டியூப்பில் நிரப்பிக் காட்டு வழியாக இறக்குவார்கள். போலீஸ் வந்து ஊறலைக் கவிழ்த்துவிட்டுப் போகும். அடுத்த ஓடையில் அடுத்த பேரல் நிற்கும்.

மலையின் மேற்குச் சரிவு சேலம் பக்கம். 1937 அக்டோபர் 1 அன்று ராஜாஜி அரசு மதுவிலக்கை முதன்முதலாகக் கொண்டுவந்தது அந்தச் சேலம் மாவட்டத்தில்தான். 1948இல் மாகாணம் முழுக்கப் பரவிய அது 1971இல் தளர்ந்தது, 1974இல் திரும்பியது, 1981இல் மறுபடி தளர்ந்தது. கடை திறந்தாலும் மூடினாலும், அடியும் பசியும் வீட்டில் இருந்த பெண்ணுக்கே.

மதுவுக்கு எதிராகத் தமிழ்ப் பெண்கள் தெருவுக்கு வந்த பெயர்பெற்ற முதல் காட்சி ஈரோட்டில், 1921இல். கள்ளுக்கடை மறியலில் பெரியாரின் மனைவி நாகம்மையும் தங்கை கண்ணம்மாளும் நின்றார்கள். மறியலை நிறுத்துவது ஈரோட்டிலுள்ள இரண்டு பெண்கள் கையில்தான் இருக்கிறது என்று காந்தி சொன்னதாக இன்றும் மேடைகளில் நினைவுகூரப்படுகிறது. பெரியார் தம் தோப்பில் 500க்கும் மேற்பட்ட தென்னைகளை வெட்டிச் சாய்த்தார். கோடரி விழுந்தது அவருடைய சொத்தின் மேலேயே.

அதே 1921இல் சென்னை மாகாணப் பெண்கள் ஒரு கண்ணாடியைக்கூட உடைக்காமல் வாக்குரிமை பெற்றார்கள், சொத்தும் வரியும் உள்ளவர்கள் மட்டும் என்ற நிபந்தனையோடு. லண்டனில் கதை வேறு. 1912 மார்ச் 1 அன்று அங்கே பெண்கள் சுத்தியலை மறைத்து எடுத்துவந்து பெரிய கடைகளின் கண்ணாடிகளை நொறுக்கினார்கள். 1918இல் முப்பது வயது தாண்டிய பெண்களில் பலருக்கு அங்கே வாக்குரிமை வந்தது. வாங்கிக் கொடுத்தது சுத்தியலா, உலகப் போரா என்று வரலாற்றாசிரியர்கள் இன்னும் வாதாடுகிறார்கள்.

தமிழ்நாட்டில் கண்ணாடி உடைந்தது 2017இல். நெடுஞ்சாலையிலிருந்து 500 மீட்டருக்குள் மதுக்கடை கூடாது என்று 2016 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட, ஏப்ரல் 1 அன்று 3,000க்கு மேற்பட்ட டாஸ்மாக் கடைகள் மூடப்பட்டன. அவை ஊருக்குள் இடம் தேடி நுழைந்தபோது, மறித்தவர்கள் பெரும்பாலும் பெண்கள். முதலில் கலெக்டரிடம் மனு, பிறகு சாலை மறியல். ஏப்ரல் 11 அன்று திருப்பூர் மாவட்டம் சாமளாபுரத்தில், மறியலில் நின்ற பெண்ணைக் காவல் அதிகாரி ஒருவர் கன்னத்தில் அறைந்த காட்சி நாடெங்கும் ஓடியது. அதற்கும் பிறகுதான் பல ஊர்களில் விளக்குமாறும் கட்டையும் கடைக்குள் போயின. பெட்டி பெட்டியாகப் பாட்டில்கள் தெருவில் நொறுங்கின.

கனியாமூரையும் இந்தக் கடை உடைப்பையும் ‘வன்முறை’ என்ற ஒரே சொல்லில் அடைக்கச் சட்டத்துக்கு வசதி உண்டு. சொத்துச் சேதத்துக்கென்றே 1992இல் தமிழ்நாடு தனிச்சட்டம் போட்டிருக்கிறது. ஆனால் 2017இல் உடைத்தவள் அந்தத் தெருவிலேயே குடியிருந்தவள். எதை உடைக்கிறோம், ஏன் இதை என்பது அவளுக்குத் தெரியும். வழக்கு வந்தால் அவள் பெயரில்தான் வரும். கனியாமூரில் உடைபட்டவை அடுத்த நாள் பிள்ளைகள் உட்கார வேண்டிய பெஞ்சுகள். இறந்த பெண்ணின் வழக்குக்கு அவற்றால் ஒரு சாட்சிகூடக் கூடவில்லை.

கை ஓங்காத வழியும் மலையின் மறுபக்கத்தில் எழுதப்பட்டிருக்கிறது. கல்வராயனை ஒட்டிய சித்தேரி மலையடிவாரத்தில் வாச்சாத்தி. 1992 ஜூன் 20 அன்று சந்தனக்கட்டை தேடுவதாக வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஆட்கள் அங்கே புகுந்தார்கள். 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார்கள். அந்தப் பெண்கள் சிபிஐ விசாரணைக்கும் நீதிமன்றத்துக்கும் நடையாய் நடந்தார்கள். குற்றம் சாட்டப்பட்டவர்கள் 269 பேர். 2011 செப்டம்பர் 29 அன்று தருமபுரி நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னபோது 54 பேர் இறந்துபோயிருந்தார்கள்; மீதி 215 பேரும் குற்றவாளிகள். உயர் நீதிமன்றம் அதை உறுதிசெய்தது 2023இல். பொறுமை வென்றது உண்மை. அதற்குப் பிடித்த 31 ஆண்டுகளில் அன்றைய சிறுமிகள் பேரப்பிள்ளை எடுத்திருப்பார்கள்.

2024 ஜூனில் கள்ளக்குறிச்சி நகருக்குள்ளேயே, கருணாபுரத்தில் கள்ளச்சாராயச் சாவு விழுந்தது. பாக்கெட்டில் இருந்தது மலையில் ஊறிய சரக்கு அல்ல, மெத்தனால். உடம்புக்குள் அது ஃபார்மிக் அமிலமாக மாறிக் கண்ணைப் பறித்து உயிரையும் எடுக்கும். 65 பேருக்கு மேல் இறந்தார்கள். இறந்தவர்களில் பெண்களும் உண்டு. விற்றதாகக் கைதானவர்களிலும் பெண் உண்டு. கள்ளச்சாராயச் சாவுக்கு ஆயுள் தண்டனை வரை கொடுக்கும்படி சட்டம் திருத்தப்பட்டது. நவம்பரில் வழக்கு சிபிஐக்குப் போனது. இடையில் அக்டோபர் 2 அன்று அதே மாவட்டத்து உளுந்தூர்பேட்டையில் விடுதலைச் சிறுத்தைகள் கட்சி மது ஒழிப்பு மகளிர் மாநாடு நடத்தியது. பெண்கள் திரளாக வந்து கோரிக்கை வைத்துவிட்டுக் கலைந்தார்கள்.

கருணாபுரத்துப் பெண்கள் எதையாவது உடைத்திருக்கலாமே என்று கேட்டால், உடைக்க அங்கே என்ன இருந்தது? டாஸ்மாக் கடைக்குப் பெயர்ப்பலகை உண்டு, ஷட்டர் உண்டு. கள்ளச்சாராயத்துக்கு இருந்தது உள்ளங்கையில் அடங்கும் ஒரு பாலித்தீன் பாக்கெட்.