அரிவரிக்கு முந்திய வகுப்பு

நூற்றாண்டு மலருக்காகப் பழைய பதிவேடுகளைத் தேடி எடுத்தபோது எமக்கு முதலில் கிடைத்தது அதிபர்களின் பெயர்ப்பட்டியல். ஒன்றும் விடுபடாமல் ஆண்டோடு இருந்தது. அதன் பின் மாணவ முதல்விகள், வலைப்பந்துத் தலைவிகள், நாடகப் போட்டியில் பரிசு பெற்றவர்கள் எல்லோரும் ஒழுங்காகக் கிடைத்தார்கள். எமக்கு முதன்முதலாக எழுத்துக் காட்டியவர்களின் பெயர்கள் மட்டும் எந்தப் புத்தகத்திலும் இல்லை. அவர்களை நாம் "சின்ன ரீச்சர்" என்றுதான் அழைத்தோம். முழுப்பெயர் கேட்டால் எங்களில் பலருக்குச் சொல்லத் தெரியாது. அவர்களையும், அவர்கள் பார்த்த வேலையையும் பற்றி இந்த மலரில் ஒரு கட்டுரையாவது இருக்கட்டும் என்று செயற்குழு கேட்டது. எழுத உட்கார்ந்த பின்தான் இது எமது பாடசாலையோடு முடிகிற கதை அல்ல என்று தெரிந்தது.

எமது பாட்டிமார் காலத்தில் கல்வி தொடங்கியது வீட்டிலும் கோயிலிலும். விசயதசமியில் ஏடு தொடக்கி, தாம்பாளத்து அரிசியில் பிள்ளையின் விரலைப் பிடித்து எழுதுவிப்பார்கள். பிறகு திண்ணைப் பள்ளிக்கூடம், மணலில் எழுத்து, மனப்பாடம். 1816 இல் அமெரிக்க மிசன் யாழ்ப்பாணம் வந்த பின் கிராமங்கள்தோறும் மிசன் பாடசாலைகள் எழுந்தன. 1824 இல் உடுவிலில் பெண்களுக்கான விடுதிப் பாடசாலை தொடங்கியது. 1848 இல் ஆறுமுக நாவலர் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். சின்னப் பிள்ளைகளுக்கென்று அவர் எழுதிய பாலபாடங்களைப் பல தலைமுறைகள் படித்தன. ஆயினும் இவையெல்லாம் ஐந்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளையை மனத்தில் வைத்தவை. மூன்று வயதுப் பிள்ளைக்கு அம்மம்மாவின் மடியே பள்ளிக்கூடம்.

அம்மம்மா இல்லாத வீடுகளும் இருந்தன. வெங்காயத் தறைக்கும் புகையிலைத் தோட்டத்துக்கும் கூலிக்குப் போன தாய்மார் மரக்கிளையில் ஏணை கட்டிப் பிள்ளையைப் போட்டுவிட்டுக் களை பிடுங்கினார்கள். ஏணையில் கிடக்கிற வயது தாண்டினால் ஆறு வயது அக்காள்தான் காவல். அந்த அக்காள் அதனாலேயே பாடசாலைக்கு வரவில்லை. பெண்பிள்ளைகள் ஏன் இடையில் நின்றார்கள் என்று ஆராய்கிறவர்கள் சீதனத்தையும் வறுமையையும் சொல்வார்கள். இடுப்பில் இருந்த தம்பியையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

இன்னொன்றையும் மறைக்காமல் எழுதுகிறோம். அரிவரி வாங்கில் எல்லாப் பிள்ளைகளும் இருக்கவில்லை. சாதியின் பெயரால் நிலத்தில் இருத்தப்பட்ட பிள்ளைகள் இருந்தார்கள். 1930 ஆம் ஆண்டளவில் உதவி பெறும் பாடசாலைகளில் சம ஆசனம் என்று உத்தரவு வந்தபோது யாழ்ப்பாணத்தில் சில பாடசாலைகள் எரிக்கப்பட்டன. ஐந்து வயதுப் பிள்ளை எங்கே இருக்க வேண்டும் என்பதற்காகக் கூரைக்கு நெருப்பு வைத்த ஊர் நாங்கள். பழம்பெருமை பேசுகிற மலர்களில் இது வழக்கமாக வருவதில்லை.

நல்லதும் அதே காலத்தில் நடந்தது. நவாலியூர் சோமசுந்தரப் புலவர் பிள்ளைகளின் நாவுக்கு ஏற்ற பாட்டுக்களைத் தந்தார். "தங்கத் தாத்தா" என்று நாம் அழைத்த அவருடைய ஆடிப்பிறப்புப் பாட்டைப் பாடாமல் அரிவரி தாண்டியவர் எங்களில் எவரும் இல்லை. ரொறன்ரோவில் பேரப்பிள்ளைக்குக் கூழ் காய்ச்சும்போது முழுப்பாட்டும் தானாக வந்தது என்று ஒரு சகோதரி எமக்கு எழுதியிருந்தார்.

1944 இல் மரியா மொன்ரிசோரி அம்மையார் இலங்கைக்கு வந்தார். போர்க்காலத்தில் இத்தாலியர் என்ற காரணத்தால் இந்தியாவில் தடைபட்டுத் தங்கியிருந்தவர், அங்கும் இங்கும் ஆசிரியைகளைப் பயிற்றினார். அவருடைய முறை எங்கே பிறந்தது என்பதை நாம் மறந்துவிட்டோம். 1907 சனவரியில் உரோமாபுரியின் சான் லொரென்சோ என்ற ஏழைக் குடியிருப்பில் அவர் முதல் சிறுவர் இல்லத்தைத் திறந்தார். பெற்றோர் வேலைக்குப் போன பின் பிள்ளைகள் படிகளையும் சுவர்களையும் பாழாக்குகிறார்கள் என்று கட்டட உரிமையாளர்கள் தேடிய வழி அது. கூலி வேலைக்குப் போன தாய்மாரின் பிள்ளைகளுக்காகப் பிறந்த அந்தப் பெயர், எமது நகரங்களில் காசு கட்டிச் சேரும் பள்ளிக்கு அடையாளமாகிவிட்டது. "பிள்ளையை மொன்ரிசோரிக்கு அனுப்புகிறோம்" என்று சொல்வதில் ஒரு மிடுக்கு இருந்ததை மறுப்பதற்கில்லை. நாமும் சொன்னவர்கள்தாம்.

1945 இல் கன்னங்கராவின் இலவசக் கல்வி வந்தது. பாலர் வகுப்பு முதல் பல்கலைக்கழகம் வரை என்பது அதன் வாசகம். அன்று பாலர் வகுப்பு அந்த வாக்குறுதிக்குள் இருந்தது. எங்களில் மூத்தவர்களின் நினைவில் உள்ள பாலர் மண்டபம் அந்தக் காலத்தது: அரைச்சுவர், கிடுகுக் கூரை, புளியங்கொட்டையும் மஞ்சாடியும் நிறைந்த சிரட்டைகள், சிலேற் துடைக்கத் தண்ணீர்ப் போத்தல், பத்தரை மணிக்கு அவித்த கடலை. தூங்கி விழுகிற பிள்ளையைச் சின்ன ரீச்சர் பாயில் கிடத்திவிட்டு மற்றவர்களுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுப்பார். அக்காளின் இடுப்பில் வந்த மூன்று வயதுக்காரரையும் அவர் திருப்பி அனுப்பியதில்லை. பதிவேட்டில் அவர்களுக்குப் பெயர் இல்லை, கடலை இருந்தது.

1972 இன் கல்விச் சீர்திருத்தம் முதலாம் வகுப்புக்குச் சேரும் வயதை ஐந்திலிருந்து ஆறாக உயர்த்தியது. பாலர் வகுப்புகள் போயின. ஐந்தாண்டுகளுக்குப் பின் ஆட்சி மாறியதும் வயது மீண்டும் ஐந்தானது. ஆனால் அந்த இடைவெளியில் ஊரின் வழக்கம் மாறிவிட்டது. வசதியுள்ளவர்கள் நேர்சரி தேடினார்கள். எமது பாலர் மண்டபம் பூட்டப்பட்டது. பழைய மாணவிகளாகிய நாம் அதற்கு ஒரு கடிதம்கூட எழுதவில்லை என்பதைக் கூட்டக் குறிப்புகள் காட்டுகின்றன. அந்த ஆண்டுகளில் நாம் நீண்ட நேரம் விவாதித்தது மேடைத் திரையின் நிறத்தைப் பற்றி. எங்கள் பிள்ளைகள் பட்டணத்து நேர்சரிக்குப் போனார்கள். ஒழுங்கைக்கு அப்பால் இருந்த பிள்ளைகள் எங்கே போனார்கள் என்று நாம் கேட்கவில்லை.

அவர்களை ஏந்திக்கொண்டவை சனசமூக நிலையங்களும் மாதர் சங்கங்களும்தாம். வாசிகசாலையின் ஒரு மூலையில் பாய் விரித்து, க.பொ.த. முடித்துவிட்டு வீட்டில் இருந்த ஊர்ப் பெண் ஒருத்தியைக் கூப்பிட்டு நடத்தினார்கள். சர்வோதயம் தீவெங்கும் இப்படியான முன்பள்ளிகளைத் தொடங்கியது. மாகாண சபைகள் வந்த பின் முன்பள்ளி மாகாணத்தின் பொறுப்பானது. 1991 இல் இலங்கை சிறுவர் உரிமைச் சமவாயத்தை ஏற்றது. 2004 இல் முன்பிள்ளைப் பருவத்துக்கென்று தேசியக் கொள்கையும் வந்தது. தாள்களுக்குக் குறைவில்லை. கட்டாயக் கல்வி இன்றும் ஐந்து வயதில்தான் தொடங்குகிறது. அதற்குக் கீழே உள்ள பிள்ளையின் ஆசிரியைக்குப் பெற்றோர் கட்டும் பணமும் மாகாணம் தரும் சிறு கொடுப்பனவும்தான் சம்பளம்.

போர் நாட்களைப் பற்றி எங்கள் சகோதரிகள் வேறு பக்கங்களில் எழுதியிருக்கிறார்கள். இங்கே ஒன்றே ஒன்று. 1995 ஒக்ரோபர் 30 இரவு வலிகாமம் முழுவதும் மழையில் நடந்து தென்மராட்சிக்குப் போனபோது பாடசாலைகளே அகதி முகாம்களாயின, வகுப்பு நடத்த இடமில்லை. அப்படியிருந்தும் சில நாட்களிலேயே ஒரு மாமரத்தின் கீழ் சின்னப் பிள்ளைகள் வட்டமாக இருந்து பாடிக்கொண்டிருந்ததை எங்களில் இருவர் கண்டார்கள். நடத்தியவர் எந்தப் பாடசாலையின் ஆசிரியையும் அல்லர். தாய்மார் நிவாரண வரிசையில் நிற்கும் மூன்று மணி நேரம் பிள்ளைகள் தொலைந்து போகாமல் இருக்கவேண்டும் என்பதற்காகத் தொடங்கினாராம்.

மலையகத்தில் ஆசிரியைகளாக இருந்த சகோதரிகள் எம்மிடம் ஒரு குறை சொன்னார்கள்: யாழ்ப்பாணத்துக்காரர் பிள்ளைப் பராமரிப்பைப் பற்றி ஏதோ புதிதாகக் கண்டுபிடித்ததுபோலப் பேசுகிறோம் என்று. நியாயமான குறை. தேயிலைத் தோட்டங்களில் பிள்ளை மடுவம் தலைமுறை தலைமுறையாக இருக்கிறது. விடியற்காலையில் பிள்ளையை ஆயம்மாவிடம் கொடுத்துவிட்டுத் தாய் மலைக்கு ஏறுவார். அந்த மடுவம் தொழிலாளியின் நலனுக்காக மட்டும் கட்டப்பட்டதல்ல, கொழுந்து எடுக்கக் கை வேண்டும் என்பதற்காகவும்தான். இருட்டறைகளாக இருந்தவை பல. இன்று அவற்றில் பல சிறுவர் அபிவிருத்தி நிலையங்களாகப் பெயரும் உருவும் மாறிப் பயிற்சி பெற்றவர்களின் கையில் இருக்கின்றன. எப்படி இருந்தாலும், வேலைக்குப் போகும் தாயின் பிள்ளைக்கு ஓர் இடம் வேண்டும் என்ற எண்ணம் அங்கே இருந்தது. எங்கள் ஊரில் அந்த எண்ணமே தாமதமாகத்தான் வந்தது.

ஏனென்றால் எங்கள் ஊரும் இப்போது வேலைக்குப் போகிற தாய்மாரின் ஊர். போர் பல வீடுகளைப் பெண்ணின் தனி உழைப்பில் விட்டுச் சென்றது. ஆடைத் தொழிற்சாலை பஸ் விடியமுன் சந்தியில் நிற்கிறது. கடைகளிலும் தனியார் வைத்தியசாலைகளிலும் வேலை பார்க்கும் இளம் தாய்க்குப் பிரசவ விடுமுறை 84 நாட்கள். எண்பத்தைந்தாம் நாள் பிள்ளை எங்கே? முன்பள்ளி என்றாலும் பதினொன்றரை மணிக்கு முடிந்துவிடும், தாயின் வேலை ஐந்து மணிக்கு முடியும். அம்மம்மாமாரில் பலர் இலண்டனிலும் மெல்பேணிலும் வேறு பேரப்பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். இதை வாசிக்கும் உங்களில் சிலரும் அந்த அம்மம்மாமார்தாம். அங்கே பகல்நேரப் பராமரிப்புக்கு எவ்வளவு கட்டவேண்டும் என்பது உங்களுக்குத்தான் தெரியும்.

நூற்றாண்டு நிதியைப் பற்றிச் செயற்குழுவில் இரண்டு கருத்து உண்டு. ஒன்று, முன்வாசலில் நூற்றாண்டு வளைவு. இது பலகாலக் கனவு, கேட்பவர்கள் எங்கள் மதிப்புக்குரிய மூத்தவர்கள். மற்றது, பூட்டிக்கிடக்கும் பாலர் மண்டபத்தைத் திருத்திக் காலை ஆறரை முதல் மாலை ஐந்தரை வரை ஊர்ப்பிள்ளைகளுக்குத் திறப்பது. "அது நமது பாடசாலைப் பிள்ளைகளுக்கு அல்லவே" என்று ஒருவர் கேட்டார். கேள்வி பிழையல்ல. சங்கத்தின் யாப்பும் அப்படித்தான் சொல்கிறது. ஆனால் அதே ஒழுங்கையிலிருந்து ஆறாம் வகுப்புக்கு வரும் பிள்ளைகளில் சிலர் தம்பி தங்கையைப் பார்ப்பதற்காக வாரத்தில் இரண்டு நாள் வருவதில்லை என்று வகுப்பாசிரியை வரவு இடாப்பைக் காட்டினார். பொதுக்கூட்டத்தில் இது வாக்கெடுப்புக்கு வரும். வெளிநாட்டுக் கிளைகள் தங்கள் முடிவை முன்கூட்டியே எழுதி அனுப்பலாம்.

இதை எழுதுவதற்காகப் பாலர் மண்டபத்தைத் திறந்து பார்த்தோம். உடைந்த வாங்குகள், கறையான் புற்று, சுவரில் பிள்ளையின் உயரத்தில் ஒரு கரும்பலகை. பின்வேலிக்கு அப்பால் உள்ள வீட்டில், எங்களோடு எட்டாம் வகுப்பு வரை படித்த ஒருவர், அயலவர் பிள்ளைகள் நால்வரைப் பகல் முழுவதும் விறாந்தையில் வைத்துப் பார்க்கிறார். தாய்மார் கொடுப்பதை வாங்குகிறார், கொடுக்க இயலாதவரிடம் கேட்பதில்லை. மண்டபம் திறந்தால் வருவீர்களா என்று கேட்டோம். வரலாம் பிள்ளை, ஆனால் சின்னக் கழிப்பறை ஒன்றும் எட்டக்கூடிய உயரத்தில் ஒரு தண்ணீர்க் குழாயும் வேணும் என்றார். அவருடைய முழுப்பெயரைக் கேட்டுக் கூட்டக் குறிப்பில் எழுதிக்கொண்டோம்.