கூட்ட மரபும் சினைப்பைப் புற்றுநோயும்: கொங்கு நாட்டில் மரபணுப் பரிசோதனை தொடங்கவேண்டிய இடம்

ஸ்திரீகளுக்கே உரிய உறுப்புகளில் தோன்றும் புற்றுநோய்கள் அனைத்தையும் ஒரே வியாதியாகக் கருதி, மரபணுப் பரிசோதனையை எல்லாவற்றுக்கும் பொதுவாக விதிப்பதும், அதனைச் செல்வர்க்குரிய ஆடம்பரமென்று அறவே ஒதுக்குவதும் ஒருங்கே பிழையாகும். கருப்பை வாய்ப் புற்றுக்குப் பெரும்பாலும் காரணமாவது, ஹரால்டு சூர் ஹவுசன் 1983இல் கண்டறிந்த எச்.பி.வி. 16 முதலிய வைரஸ்களின் தொற்றேயாம். கொங்கு நாட்டின் தென்கிழக்கு எல்லையை ஒட்டிய திண்டுக்கல் மாவட்டத்தில், 30 முதல் 59 வயது வரையுள்ள பெண்களுக்குப் பயிற்சி பெற்ற செவிலியர் அசெட்டிக் அமிலம் தடவிக் கண்ணால் நோக்கிச் செய்த ஒரே முறைச் சோதனையும், அதனைத் தொடர்ந்த சிகிச்சையும், அந்நோயால் நேரும் மரணங்களை 35 சதவீதம் குறைத்தன என்று 2007இல் வெளியான ஆய்வு நிரூபித்தது. அந்நோயில் பரம்பரை ஆராய்ச்சிக்கு முதலிடமில்லை.

சினைப்பைப் புற்றின் தன்மை வேறு. அது முற்றிய பின்னரே பெரும்பாலும் வெளிப்படுகிறது. இரத்தப் பரிசோதனையாலும் ஸ்கேனாலும் முன்கூட்டித் தேடினும் மரணம் குறையவில்லை என்பதைப் பிரிட்டனில் 2 லட்சத்துக்கு மேற்பட்ட பெண்களிடம் நடந்த ஆய்வு 2021இல் காட்டிற்று. ஆகவே அபாயம் யாருக்கு மிகுதி என்பதைப் பரம்பரையால் அறிவது இங்கே அத்தியாவசியமாகிறது. 1994இல் பிரித்தறியப்பட்ட பி.ஆர்.சி.ஏ. 1 என்னும் மரபணுவில் பழுதுடைய பெண்களில் நூற்றுக்கு ஏறத்தாழ 44 பேர் 80 வயதுக்குள் இந்நோய்க்கு ஆளாகின்றனர். பிள்ளைப்பேறு முடிந்தபின் சினைப்பைகளையும் கருக்குழாய்களையும் நீக்கிவிடின் அவ்வபாயம் பெரிதும் தணிகிறது. இம்மரபணுவில் யூதரிடையே பிரசித்தமான 185 டெல் ஏ.ஜி. என்னும் திரிபு தென்னிந்தியப் பெண்களிடமும் காணப்பட்டிருத்தலால், இஃது அந்நிய தேசத்து விசாரமென்று நாம் அசட்டையாயிருத்தல் தகாது.

இத்தகைய திரிபு தாய்வழியாயினும் தந்தைவழியாயினும் ஒவ்வொரு மகவுக்கும் சரிபாதி வாய்ப்போடு இறங்குவது. கொங்கு வேளாளரின் கூட்டம் என்னும் குலப்பிரிவு மரபோ ஆண்வழியை மட்டுமே கணக்கிடுவது. பயிரன், ஆந்தை, காடை, தூரன் என்று தம் கூட்டத்தையும் குலதெய்வத்தையும் தலைமுறை தலைமுறையாகத் தவறாமல் உரைக்கும் ஒருவர், புகுந்த வீட்டில் வயிறு வீங்கி மாண்ட தம் அத்தைக்கு வந்தது இன்ன நோயென்று அறியாதிருத்தல் இயல்பு. அவ்வத்தைக்கும் தமக்கும் பொதுவான திரிபு, தம் உடலில் யாதோர் அடையாளமும் காட்டாதிருந்து, பின்னர் தம் மகளிடத்தில் நோயாக வெளிப்படுங்கால், அது தலைவிதியென்று கருதப்பட்டுவிடுகிறது. ஒரு கூட்டத்துள் மணம் விலக்கப்பட்டு, சமூகத்துள்ளேயே விதிக்கப்பட்டிருத்தலால், திரிபானது பல கூட்டங்களிற் பரவியும் சமூகத்தின் எல்லைக்குள் தங்கியும் இருத்தல் கூடும். எனினும் மரபணுவின் ஒரு பிரதி பழுதுற்றாலே அபாயம் உண்டாதலின், மாமன் மகளை மணந்ததே காரணமென்று உறவுமணத்தைப் பழிப்பது இவ்விஷயத்தில் நியாயமன்று.

பரிசோதனை முடிவு வெளிப்பட்டால் பெண்ணுக்கு வரன் அமையாதே என்னும் ஆட்சேபம் அற்பமானதன்று. இரகசியத்தைக் காப்பது வைத்தியரின் கடமை. ஆயினும் நோயுற்றவரை முதலிற் சோதித்து, திரிபு காணப்பட்டால் மட்டும், வயதுவந்த உறவினரை அவர்தம் சம்மதத்தோடு அவ்வொரு திரிபுக்காகவே சோதிப்பது செலவையும் வீண் கலக்கத்தையும் ஒருங்கே குறைக்கும். ஆதலால் கோயம்புத்தூர் மருத்துவமனைகள், சினைப்பைப் புற்றுடன் வரும் ஒவ்வொரு பெண்ணுக்கும், தாய்வழி தந்தைவழி இரண்டிலும், கட்டிக்கொடுக்கப்பட்ட பெண்கள் உட்பட, மூன்று தலைமுறை வமிசாவளியைக் கேட்டெழுதுவதை முதற்கடமையாகக் கொள்ளவேண்டும். வமிசத்தில் நோய் தென்படாமையை மட்டுங்கொண்டு எவருக்கும் பரிசோதனையை மறுத்தலுமாகாது.